குப்பன் வைத்துக்கொண்ட ரைபிள்

குப்பனுக்கு முன்னால் அவருடைய வலது தோள் எழுந்துவிடும். விடிவதற்குள் அது குடைய ஆரம்பித்தால் அப்புறம் படுத்திருந்து புண்ணியமில்லை. பன்னிரண்டு வயதில் ஈக்காட்டுத்தாங்கலில் மணல் கூடை ஏறிய தோள் அது. இப்போது அறுபத்தெட்டில் பூட்டிக்கொண்டுவிட்டது. கை காதுக்கு மேலே போகாது. பனியனைக் கழற்றுவதற்குள் நாலு கெட்ட வார்த்தை வந்துவிடும்.

அன்றைக்கு நாலு போதவில்லை. அடையாறு வீட்டின் சாப்பாட்டு மேசையில் பழைய போர்வையை விரித்து, பீரோவிலிருந்து மூன்று துப்பாக்கிகளையும் இடது கையாலேயே ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து வைத்தார். ஒரு ஆளுக்கு இரண்டுக்கு மேல் கூடாது என்று புதுச் சட்டம் வந்திருந்தது. டிசம்பருக்குள் மிச்சத்தை ஒப்படைக்க வேண்டும். மவுண்ட் ரோடு துப்பாக்கிக் கடையிலிருந்து தௌசீஃப் பதினோரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான்.

மகள் காவேரி காபியை நீட்டிக்கொண்டே போர்வையைப் பார்த்தாள்.

"எலக்சன் வந்தா தூக்கிக்கினு ஸ்டேசனுக்கு ஓடறோம், முடிஞ்சா தூக்கிக்கினு வரோம். இதே பொழப்பா போச்சு. மூணையும் குடுத்துட்டு ஒரு கொசு பேட் வாங்கிக்க நைனா. அதுவாவது தெனம் சுடும்."

"சும்மாக் கெட. ஒண்ணு இருக்கட்டும்."

"சட்டமே ரெண்டு வெச்சிக்கன்னுது. நீ இன்னா ஒண்ணுங்கற?"

"ஒண்ணுன்னா ஒண்ணு. ரெண்டைப் பாத்துக்கத் தெம்பில்ல."

எந்த ஒன்று என்பதை முந்தின ராத்திரியே முடிவு செய்துவிட்டார். ரிவால்வர், மணல் காண்ட்ராக்ட் எடுத்து, சனிக்கிழமைகளில் ஆற்றங்கரைக்குக் கூலிப் பணம் கொண்டு போன காலத்தில் வாங்கியது. ஒரு தடவையும் வெடித்ததில்லை. இரட்டைக் குழல், ஆழ்வார்பேட்டையில் ஒரு பங்களாவை இடித்தபோது அந்த வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்தது. ஆயுத பூஜைக்குச் சந்தனம் வாங்கிக்கொண்டதைத் தவிர அது வேறு எந்த வேலையும் செய்யவில்லை. மூன்றாவதுதான் ரைபிள். ஜவ்வாது மலையடிவாரத்தில் கடலை போட்டிருந்தபோது, காட்டுப்பன்றி வருகிறது என்று எழுதிக் கொடுத்து லைசென்ஸ் வாங்கியது. அந்த நிலத்தை விற்றுப் பன்னிரண்டு வருஷமாகிறது. ஆனால் அந்த லைசென்ஸுக்காகப் போன அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு அதிகாரி அவரைப் பார்த்து, "உக்காருங்க" என்றார். அதுவரை எந்த கேட்டுக்குப் போனாலும் "டேய், லோடு அங்க கொட்டு"தான். அந்த நாற்காலியைக் குப்பன் மறக்கவில்லை.

பத்து மணிக்கு செபஸ்தியான் வந்தான். மாதத்தின் முதல் ஞாயிறு, சாந்தோமில் பூசை முடிந்ததும் நேரே இங்கே வந்து துப்பாக்கி துடைப்பான். எத்தனையோ வருஷ வழக்கம். ஒரு காலத்தில் குப்பனோடு ஒரே லாரியில் மணல் வாரியவன். அறுபது வயது, உப்புக் காற்றில் காய்ந்த உடம்பு. கையில் எப்போதும்போல் மீன் பை.

"இன்னாண்ணே, மூணும் கடைவிரிச்சு கீது? சந்தையா?"

"ரெண்டு போவுது. கடைசியா ஒரு தொட தொடச்சு வுடு. அழுக்கா போனா அந்தத் துலுக்கப் பையன் நம்மளத்தான் நெனைப்பான்."

செபஸ்தியான் தரையில் பேப்பரை விரித்து உட்கார்ந்தான். கம்பியில் துணி சுற்றி, தையல் மெஷின் எண்ணெய் தொட்டு, ரிவால்வரை முடித்தான். இரட்டைக் குழலை முடித்தான். ரைபிளைத் தொட்டபோது கேட்டான்.

"எது நிக்குது?"

"கையில கீதே, அதான்."

செபஸ்தியான் துணியைக் கீழே வைத்தான். காவேரி உள்ளே போகும்வரை காத்திருந்தான்.

"இத்த மட்டும் வாணாண்ணே."

குப்பனுக்குப் புரியவில்லை என்றில்லை. கேட்கப் பிடிக்கவில்லை.

பத்தொன்பது வருஷத்துக்கு முன், மலையடிவாரத்தில் ஒரு விடியற்காலை. குப்பன்தான் சுட்டார். ஒரே வெடி, புள்ளிமான் விழுந்தது. பன்றிக்கு லைசென்ஸ் வாங்கி மானைச் சுடுவது தப்பு என்று தெரியாத வயதில்லை. ரைபிளை ஜீப்பில் வைத்த பிறகு சட்டைப் பையைத் தடவினார். வெடித்த தோட்டாவின் வெறும் பித்தளைக் கூடு இல்லை. மற்றவனாயிருந்தால் போகட்டும் என்று கிளம்பியிருப்பான். மணல் குவாரியில் வளர்ந்தவனுக்கு அது வராது. அங்கே ஒவ்வொரு நடைக்கும் ஒரு சீட்டு. சீட்டைத் தொலைத்தால் அந்த நடை தூக்காத நடை. கடைக்காரனும் காலிக் கூட்டைக் காட்டினால்தான் புதுத் தோட்டா கொடுப்பான். "போய்ப் பொறுக்கிக்கினு வாடா, மானையும் இழுத்துக்கினு வா" என்று செபஸ்தியானை அனுப்பினார்.

அவன் போன கொஞ்ச நேரத்தில் விசில் கேட்டது. வனக் காவலர்கள். குப்பன் ஜீப்பைக் கிளப்பினார். திரும்பிப் பார்க்கவில்லை.

செபஸ்தியான் கையில் கிடைத்த கூட்டை ஓடையில் வீசிவிட்டு, மானின் பக்கத்தில் ரத்தச் சட்டையோடு நின்றான். குண்டு மானைத் துளைத்துப் போய்விட்டிருந்தது. எவனோ நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தான், அவனோடு வந்தேன், பேர் தெரியாது என்றான். எவ்வளவு அடித்தும் குப்பன் என்ற நாலெழுத்து அவன் வாயிலிருந்து வரவில்லை. பதினாலு மாதம் வேலூர் ஜெயில்.

வக்கீல் வைத்தது குப்பன்தான். வீட்டுக்கு அரிசி போட்டதும், அவன் மகள் ஆஷாவைப் படிக்க வைத்ததும் அவர்தான். ஆனால் அந்த வாரமே சாந்தோம் குப்பத்துக்குப் போய், அவன் மனைவி லூர்துவிடம், "எவன்கூடவோ போய்ச் சுட்டுட்டான். எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல" என்று சொன்னதும் அவர்தான். லூர்து நம்பினாள். ஜெயிலுக்கு ஒருமுறைகூடப் போய்ப் பார்க்கவில்லை. நம்பிக்கொண்டே ஆறு வருஷத்துக்கு முன் செத்தும் போனாள்.

"இத்தினி நாள் தொடச்சியே, ஒரு நாளாவது சொன்னியா?" என்றார் குப்பன்.

"நீ சொல்லுவன்னு பாத்துக்கினு இருந்தேன். நீயே வாயத் தொறப்ப, தொறப்பன்னு. லூர்து போற வரிக்கும் பாத்தேன்."

"இப்ப இன்னா பண்ணச் சொல்ற?"

"ரெண்டுல ஒண்ணு. இத்தக் குடுத்துடு, கண்ணுக்கு மறஞ்சா நானும் தலமுழுகிடறேன். இல்ல, வெச்சிக்கினுதான் தீருவேன்னா, ஆஷாக்கிட்ட வந்து சொல்லு. உங்கப்பன் சுடல, நான்தான்னு. நான் சொன்னா நம்பாது. ஜெயிலுக்குப் போனவன் எவன் நான் பண்ணேன்னு சொல்வான்னு கேக்கும்."

"கையத் தூக்க முடியாத வயசுல என்னை வந்து குத்தம் ஒத்துக்கச் சொல்றியா?"

"கையத் தூக்க முடியாதவனுக்கு ரைபிள் இன்னாத்துக்குண்ணே?"

அது உறைத்தது. உறைத்ததும் குப்பன் வாயிலிருந்து வரக்கூடாதது வந்தது.

"உம் பொண்ணு போட்டுக்கினு போன யூனிபாரம் எவன் துணிடா? நீ ஜெயில்ல கெடந்தப்போ உன் வூட்டு அடுப்பு எவனால எரிஞ்சுது?"

செபஸ்தியான் ரைபிளைப் பாதி துடைத்தபடியே போர்வையில் வைத்தான். எண்ணெய்க் கையைப் பேப்பரில் துடைத்தான். மீன் பையைச் சமையலறை வாசலில் வைத்துவிட்டு, "காவேரி, கவலை மீன் கீது, இன்னிக்கே செஞ்சுடு" என்று குரல் கொடுத்தான். டீ வருவதற்குள் படியிறங்கிவிட்டான்.

தௌசீஃப் சரியாகப் பதினோரு மணிக்கு மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு வந்தான். மூன்றையும் புரட்டிப் பார்த்து, எண்களை லைசென்ஸ் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தான்.

"சார், மனசுல பட்டதச் சொல்றேன். டபுள் பேரல எவனும் கேக்கறதில்ல. இந்த ரைபிளுக்குத்தான் ஆள் கீது. நீங்க வேட்டைக்கா போவப் போறீங்க? இதக் குடுத்துட்டு ரிவால்வர வெச்சிக்கங்க. கைக்கடக்கமா இருக்கும்."

கடவுளே ஆள் அனுப்பி இரண்டாம் முறை கேட்டதுபோல் இருந்தது. காவேரி பேனாவோடு பாரத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"எதை எழுதட்டும் நைனா?"

சரி, ரைபிளை எடுத்துக்கொண்டு போ என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அப்படிக் கொடுத்தால், செபஸ்தியான் சொல்லி, இந்தக் குப்பன் கேட்டதாக ஆகிவிடாதா? கூட மணல் வாரியவன் அதட்டினான், இவர் கொடுத்துவிட்டார் என்று ஆகிவிடாதா?

"ரைபிள் நிக்கும்" என்றார்.

"எதுக்காக வெச்சிக்கிறீங்கன்னு ஒரு கட்டம் கீது. இன்னா எழுத?" என்றாள் காவேரி.

"பயிர்ப் பாதுகாப்புன்னு எழுது."

காவேரி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "எந்தப் பயிரு? மாடியில கீற கறிவேப்பிலையா?"

தௌசீஃப் சிரித்துவிட்டு, பேனாவை வாங்கித் தற்காப்பு என்று அவனே எழுதிக்கொண்டான்.

ஜனவரி முதல் ஞாயிறு செபஸ்தியான் வரவில்லை. பிப்ரவரியிலும் வரவில்லை. குப்பன் ஒரு நாள் தானே ரைபிளை மடியில் போட்டுத் துடைக்கப் பார்த்தார். இடது கையால் கம்பியை நுழைக்க முடிந்ததே தவிர, குழலைப் பிடித்துக்கொள்ள இன்னொரு ஆள் வேண்டியிருந்தது. குழல் வாயில் துரு வட்டமாகப் பூத்திருந்தது. குப்பன் எழுந்து சட்டை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்தார். சாந்தோம் என்றார். வழி முழுக்க ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். உங்கப்பன் சுடலம்மா, நான்தான்.

கடற்கரை ரோட்டோரம் ஆஷா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். பிளஸ் டூ வரை படித்துவிட்டுக் கல்யாணமாகி, மாமியாரின் கடையைப் பார்த்துக்கொள்கிறாள். அவரைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள்.

"வா பெரிப்பா. உக்காரு." பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

குப்பன் உட்கார்ந்தார்.

"உங்கப்பன் இன்னாம்மா, வரவே மாட்டேங்கறான்?"

"அத ஏன் கேக்கற. இனிமே துப்பாக்கியத் தொட மாட்டேன்னு ஒரே புடியா நிக்குது. சண்ட போட்டுக்கினு வந்துச்சா? தப்பா எடுத்துக்காத பெரிப்பா. அதோட புத்தி தெரிஞ்சதுதான? மான் சுட்டு ஜெயிலுக்குப் போன ஆள எவன் வேலைக்கு வெச்சிப்பான்? நீ வெச்சிக்கின. எங்கம்மா சாவற வரிக்கும் உன் பேரத்தான் சொல்லிக்கினு இருந்துச்சு."

குப்பன் வாயைத் திறந்தார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியம் தொண்டையில்தான் இருந்தது. தூரத்தில், மணலில் கவிழ்த்துப் போட்ட படகு ஓரம், வலைக்கு நடுவே உட்கார்ந்திருந்த செபஸ்தியான் தலை நிமிர்ந்து பார்த்தான். கையிலிருந்த ஊசி நின்றது. அவன் பார்த்துக்கொண்டேயிருந்தான்.

"வஞ்சிரம் இன்னா வெல?" என்றார் குப்பன்.

"உங்கிட்ட துட்டு வாங்கினா அப்பா தோல உரிச்சிடும்" என்று சிரித்துக்கொண்டே, நடுத்துண்டாகப் பார்த்து வெட்டிப் பையில் போட்டாள் ஆஷா. அதை வாங்கிக்கொண்டு குப்பன் எழுந்தார். படகுப் பக்கம் பார்க்காமல் ரோட்டைக் கடந்தார். செபஸ்தியான் ஊசியை மறுபடியும் வலைக்குள் விட்டிருப்பான்.

மாதத்துக்கு ஒன்றாகப் போட்ட அரிசி மூட்டைகளையும், கட்டிய பள்ளிக்கூடச் சம்பளத்தையும் ஆட்டோவில் வரும்போது குப்பன் மனசுக்குள் வரிசையாக அடுக்கிப் பார்த்தார். அவற்றில் ஒன்றும் கடனில் கழியவில்லை. செபஸ்தியானுக்கு அவர் தர வேண்டியது பதினாலு மாதம். ஆஷாவுக்குத் தர வேண்டியது, சுட்டது நான்தான் என்ற ஒரு வார்த்தை. இரண்டும் பாக்கி.