பீச்சாங்கை முடிச்சு

பூட்டைத் திறக்கிற கை வீடியோவில் தெரிய வேண்டும் என்றாள் பிரவீனா. கை தெரிந்தால்தான் கடை அகல்யாவுடையது என்று நம்பி, கூகுள் தன் மேப்பில் சேர்க்குமாம். முதலில் தெரு, அப்புறம் பக்கத்துக் கடையின் பெயர், அப்புறம் இவள் கடையின் போர்டு, கடைசியில் ஷட்டர் பூட்டுக்குள் சாவி நுழைவது. எல்லாம் ஒரே மூச்சில், நடுவில் நிறுத்தாமல். ஓமலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சின்னத் தெருவில், கந்தம்மாளின் மாவு மில்லுக்கு அடுத்த ஷட்டரின் முன்னால் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள் அகல்யா.  இரண்டு வருஷமாக, தான் இந்த ஊரில் இருப்பதற்கு ஒரு தடயமும் இல்லாமல் பார்த்துப் பார்த்து வாழ்ந்தவள். ரேஷன் கார்டைக்கூட மாற்றவில்லை. இப்போது, நான் இங்கேதான் இருக்கிறேன் என்று தானே படம்பிடித்து அனுப்பப் போகிறாள்.

"இத வேற யாரும் பாக்க மாட்டாங்கல்ல?"

"கம்பெனிக்கு மட்டுந்தாங்க்கா போகும். நீங்க வேற, பூட்டையும் சாவியையும் எவன் பாக்கப் போறான்?"

பிரவீனா தன் நிச்சயதார்த்தச் சேலைக்குக் குஞ்சம் கட்ட வந்தவள். தெருமுனையில் மாடியில் ஒரு அறை பிடித்து, சின்னக் கடைகளை இன்டர்நெட்டில் ஏற்றிவிடுவதைத் தொழிலாக வைத்திருந்தாள். ஓமலூரில் பஞ்சர் கடை, பியூட்டி பார்லர், கோழித் தீவனக் கடை என்று அவள் கைபட்டு மேப்பில் முளைத்த கடைகள் நிறைய. கூகுளில் தேடினால் வராத கடை இருந்தும் இல்லாத மாதிரிதான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு டாக்டரின் கவலை இருக்கும்.

அகல்யா உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் மாசம் தவறாமல் சேலை கொடுத்துக்கொண்டிருந்த பட்டுக்கடை, சொந்தமாக ஆள் வைத்துக்கொண்டது. ஆடி முழுக்க ஒரு சேலை வரவில்லை. மகள் ஷாலினி, பிய்ந்த பள்ளிக்கூடத்துச் செருப்பை ஊக்கு குத்திப் போட்டுக்கொண்டு போனாள். அந்த ஊக்கைப் பார்த்த அன்றைக்குத்தான் அகல்யா பிரவீனாவைக் கூப்பிட்டாள். என் முகம் வரக் கூடாது, பெயர் வரக் கூடாது, ஊர் உறவு எதுவும் வரக் கூடாது என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, தெருவுக்கே சொல்லி வைத்திருந்த பொய்யை அவளுக்கும் சொன்னாள். வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார், பொண்டாட்டி கடை வைப்பது அவருக்குப் பிடிக்காது.

வீட்டுக்காரர் துபாயில் இல்லை. குமாரபாளையத்தில் இருந்தார். பவர்லூம் இருபதும் சேலை மொத்த வியாபாரமும் இருக்கிற வீடு. குணசீலன் என்றால் அங்கே நாலு பேர் எழுந்து நிற்பார்கள். அகல்யாவுக்கு இடதுகைப் பழக்கம். முந்தானை நூலை முறுக்கிக் குஞ்சம் கட்டினால் மற்றவர்கள் முடிச்செல்லாம் ஒரு பக்கம் சாய, இவள் முடிச்சு மறுபக்கம் சாயும். ஏறுக்குமாறாக நிற்கிறது, கல்யாணச் சேலைக்கு ஆகாது என்று மாமியார் முகத்தைச் சுளிப்பார். புதுசாகக் கல்யாணமான நாட்களில் குணசீலன் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துச் சிரித்தான். ஆயிரம் சேலைக்கு நடுவிலும் உன் முடிச்சைக் கண்டுபிடித்துவிடுவேன் என்றான். அவளுக்கு அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது. அதே ஆள்தான் பிறகு அதே கையைப் பீரோக் கதவில் வைத்துச் சாத்தினான். சுண்டுவிரல் இன்னும் நேராக வராது.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஆடிப்பெருக்கு அன்று ஊரே காவிரிக் கரையில் கூடியிருந்தபோது, குழந்தையைக் குளிப்பாட்டிக் கூட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டு மேட்டூர் பஸ்ஸில் ஏறினாள். எங்கே போனாலும் கண்டுபிடிச்சு இழுத்துட்டு வருவேன், அப்புறம் புள்ளய நீ பாக்கவே முடியாது என்று அவன் பலமுறை சொல்லியிருந்தான். சொன்னதைச் செய்கிற ஆள். மேட்டூரில் சேலம் பஸ் மாறி, தெரிந்தவர் யாருமில்லாத ஊர் என்பதற்காகவே ஓமலூரில் இறங்கினாள். குடியிருப்பதும் கடைக்குப் பின்னாலேயே ஒரு அறையில். அதற்குத் தனிவாசல் கிடையாது.

மேப்பில் 'மயில் சேலைக் குஞ்சம்' என்ற பெயரில் அவள் கடை வந்துவிட்டது. பிரவீனா கேட்டபடி பச்சைப் பட்டு, அரக்குப் பட்டு, மாம்பழ மஞ்சள் என்று சேலை முனைகளை விரித்து வைத்து, வெயில் நல்லபடி விழும் நேரத்தில் அகல்யாவே படம் எடுத்துக் கொடுத்திருந்தாள். ஒவ்வொரு முடிச்சும் துல்லியமாகத் தெரிந்தது. முகத்தை மறைத்தாள், பெயரை மறைத்தாள், நம்பரை மாற்றினாள். முடிச்சை மறைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தன் கைவேலையை யாருக்குத்தான் மறைக்கத் தோன்றும்?

ஆவணி பிறந்ததும் போன் அடிக்க ஆரம்பித்தது. முதல் பத்துப் பதினைந்து நாள், தெரியாத நம்பர் என்றால் பயந்துகொண்டேதான் எடுப்பாள். எடுத்து, எதிர்ப்பக்கம் குரல் வரும்வரை பேசாமல் இருப்பாள். பெண் குரல் என்றால் மூச்சு வரும். தாரமங்கலத்திலிருந்து வந்தார்கள், தொப்பூரிலிருந்து வந்தார்கள். ஷாலினிக்குப் புதுச் செருப்பு வந்தது. ஒருநாள் சேலையில் குனிந்திருந்தவள், தான் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருப்பதைத் தானே கேட்டாள். கேட்டதும் நிறுத்திக்கொண்டாள், யாராவது பார்த்துவிட்டது போல.

புரட்டாசியில் ஒரு மத்தியானம் பிரவீனா ஓட்டமும் நடையுமாகப் பின்னறைக்கே வந்தாள். வாயெல்லாம் பல்.

"அக்கா, நம்ம கடைய எங்கிருந்து அதிகமாத் தேடறாங்கன்னு சொல்லுங்க பாக்கலாம்?"

"எங்கிருந்து?"

"குமாரபாளையம்! நாந்தான் உங்ககிட்டச் சொல்லாம அந்த ஊரையும் நம்ம லிஸ்ட்ல சேத்துவிட்டேன். அங்க ஊடு ஊடுக்குச் சேலைதானுங்களே. வெளம்பரமும் அந்தப் பக்கம் திருப்பிவிட்டேன். எப்படி?"

அகல்யாவின் கையிலிருந்த நூல்கண்டு உருண்டு கட்டிலுக்கடியில் போனது. அதை எடுக்க அவள் குனியவில்லை. பிரவீனா அதைக் கவனிக்கவில்லை. அவள் சந்தோஷம் இன்னும் பாக்கி இருந்தது.

"ரிவ்யூ வேற வந்திருக்குங்க்கா. அஞ்சு ஸ்டாரு. படத்தப் பாத்தே போட்டிருக்காரு போல."

போனை வாங்கிப் பார்த்தாள். போட்டோ இல்லாத கணக்கு. பெயர் இருக்கும் இடத்தில் ஜி.எஸ். என்று இரண்டெழுத்து. ஐந்து நட்சத்திரங்கள் மஞ்சளாக எரிந்தன. கீழே ஒரே வரி.

'நல்ல வேலை. பீச்சாங்கை முடிச்சு அப்படியே இருக்கு.'

அவள் இடதுகைக்காரி என்று இந்த ஊரில் பார்த்தவர்களுக்குத் தெரியும். முடிச்சைப் பார்த்தே அதைச் சொல்லக்கூடிய கண் உலகத்தில் ஒன்றுதான் உண்டு. அப்படியே இருக்கு. அந்த இரண்டு வார்த்தையை அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். சுண்டுவிரல் வலித்தது. வலிப்பது போல இருந்ததா, நிஜமாகவே வலித்ததா என்று தெரியவில்லை. அதற்கும் கீழே, சின்ன எழுத்தில், கடை உரிமையாளர் பதில் என்று இருந்தது.

'மிக்க நன்றி சார்! ஒருமுறை நேரில் வாருங்கள். தினமும் காலை பத்து முதல் இரவு எட்டு வரை திறந்திருப்போம்.'

"இது யாரு போட்டது?"

"நாந்தாங்க்கா. ரிவ்யூவுக்கு உடனே பதில் போட்டாத்தான் நம்ம கடைய மேல தூக்கிக் காட்டும். நேத்தே போட்டுட்டேன்."

அகல்யா அப்போதுதான் உண்மையைச் சொன்னாள். நிறையச் சொல்லவில்லை. துபாய் இல்லை என்றாள், விரலை நீட்டிக் காட்டினாள், அந்த ரிவ்யூவைக் காட்டினாள். பிரவீனாவின் முகம் வெளிறிப்போனது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, விரல்கள் தப்பும் தவறுமாக விழ, பதிலை அழித்தாள், படங்களை அழித்தாள், கடை நிரந்தரமாக மூடப்பட்டது என்று போட்டாள்.

"போட்டுட்டங்க்கா. ஆனா எல்லாரு போன்லயும் மாற ஒண்ணு ரெண்டு நாள் ஆகலாம்." அழுதுவிடுவாள் போலிருந்தது. "அவரு ஏற்கெனவே வழியச் சேமிச்சு வெச்சிருந்தா ஒண்ணும் பண்ண முடியாதுங்க்கா. என்னைய மன்னிச்சுருங்க."

அவளை மன்னிக்கவோ திட்டவோ அகல்யாவுக்கு நேரமில்லை. அவளை அனுப்பிவிட்டுப் பரணிலிருந்து பையை இறக்கினாள். கையில் அகப்பட்ட துணிகளைத் திணித்தாள். எந்த ஊருக்கு என்று யோசித்தாள். அரூர், திருப்பத்தூர், பெங்களூர். எந்த ஊரில் இறங்கினாலும் வயிறு கூடவே வரும். வயிற்றுக்கு அவளுக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான். கட்டுகிற ஒவ்வொரு முடிச்சும் அவள் பெயரைச் சொல்லும்.

ஷாலினி பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைப் பார்த்தாள். எட்டு வயசு. அழவில்லை, ஏன் என்று கேட்கவில்லை. புதுச் செருப்பைக் கழற்றி, ஜோடியாகச் சுவரோரம் வைத்தாள்.

"மறுபடியுமாம்மா?" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைதான். அகல்யா பையின் ஜிப்பைப் பாதி இழுத்த நிலையில் விட்டுவிட்டு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்து மில்லுக்குப் போனாள்.

கந்தம்மாள் மிளகாய் அரைத்து முடித்துக் கோதுமை போட்டுக்கொண்டிருந்தாள். கல்வடங்கம் பக்கத்திலிருந்து இங்கே வந்து, புருஷன் போன பிறகு மில்லைத் தானே ஓட்டுகிறவள். புருவம் வரைக்கும் மாவு. கடை அறைக்கும் அவள்தான் சொந்தக்காரி. வாடகைக்கு விட்ட நாளிலிருந்து சேலை, தண்ணீர், கரண்டு தவிர இருவரும் வேறு பேசியதில்லை. பேச்சு வளர்ந்தால் துபாய் பற்றிக் கேள்வி வரும் என்று அகல்யாதான் வளரவிடவில்லை. இன்றைக்கு மோட்டார் சத்தத்தில் அவள் காதருகே குனிந்து கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. ரகசியத்தைக் கத்திச் சொல்வது விசித்திரமாக இருந்தது. கந்தம்மாள் கோதுமை கொட்டுவதை நிறுத்தாமலே கேட்டாள். கடைசியில் மட்டும் கையைத் தட்டிக்கொண்டு திரும்பினாள்.

"ஏஞ்சாமி, ரெண்டு வருசமா பக்கத்துலயே இருக்கறேன். ஒரு வார்த்த சொல்லோணும்னு தோணுலியா உனக்கு?"

அகல்யா மகளின் கையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"செரி, உடு. பையி கிய்யெல்லாம் உள்ள வெய்யி. காலைல வெள்ளன ரெண்டு பேரும் போலீஸ் ஸ்டேசனுக்குப் போலாம், நானே வாரேன். இப்பப் போயி ஷட்டர எறக்கிக்க. முழுசா எறக்காத. எனக்கு உன்ற காலாவது தெரியோணும்."

அப்படியே செய்தாள். முழங்கால் உயரத்துக்கு இடைவெளி விட்டு ஷட்டரை இறக்கி, ஷாலினியைப் பின்னறைக் கட்டிலில் உட்கார வைத்தாள். வெறுங்கையோடு இருந்தால் பயம் கூடியது. நாளை மறுநாள் கொடுக்க வேண்டிய அரக்குச் சேலையை மடியில் போட்டுக்கொண்டாள். வலதுகையால் முடிந்து பார்க்கலாமா என்று முயன்றாள். நூல் நழுவியது. மறுபடி முயன்றாள், மறுபடி நழுவியது. தன் கையே தன்னைக் காட்டிக்கொடுக்கிறது என்று ஆத்திரமாக வந்தது. பிறகு அந்த ஆத்திரம் தன் கைமேல் வரவேண்டியதில்லை என்று தோன்றியது. இடதுகைக்கே மாற்றிக்கொண்டாள்.

விளக்கு வைக்கிற நேரம். பக்கத்தில் மில் ஓடிக்கொண்டிருந்தது, சுவர் அதிர்ந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். ஷட்டருக்கும் தரைக்கும் நடுவிலிருந்த வெளிச்சத்தில் கால்கள் கடந்துபோயின. கொலுசு போட்ட கால், சைக்கிள் சக்கரம், ஒரு நாய். ஒவ்வொன்றும் கடக்கும்வரை அவள் நூலை இறுகப் பிடித்திருந்தாள்.

அப்புறம் இரண்டு கால்கள் வந்து நின்றன. கறுப்புத் தோல் செருப்பு, புதிது. சாம்பல் நிறப் பேண்ட். அகல்யா அந்தக் கால்களையே பார்த்தாள். குணசீலனின் காலா? ஏழு வருஷம் வெந்நீர் வைத்துக் கழுவிவிட்ட கால் எப்படி இருக்கும் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. கல்யாணச் சேலையோடு வந்த யாரோ ஒரு பெண்ணின் அப்பாவாகக்கூட இருக்கலாம். கடவுளே, அப்படி இருக்கட்டும். பின்னறையிலிருந்து ஷாலினி ஓசையில்லாமல் வந்து அவள் முதுகோடு ஒட்டிக்கொண்டாள்.

மில் மோட்டார் நின்றது. அந்தத் தெருவில் அவ்வளவு அமைதியை அவள் கேட்டதே இல்லை. அந்த அமைதியில், ஷட்டருக்கு வெளியே, போனிலிருந்து ஒரு பெண்குரல் தெளிவாக, மரியாதையாகச் சொன்னது.

"நீங்கள் சேர வேண்டிய இடத்தை அடைந்துவிட்டீர்கள்."

செருப்புகள் ஷட்டர் பக்கமாக ஓர் அடி வைத்தன.

"யாருங்க அது? யாரு வேணும்?" என்று கந்தம்மாளின் குரல் கேட்டது. பதில் வரவில்லை. செருப்புகள் நகரவும் இல்லை. அகல்யா மடியிலிருந்த முடிச்சை இடதுகையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்தாள். வெளிச்சத்தில், அந்தக் கறுப்புச் செருப்புகளுக்கும் ஷட்டருக்கும் நடுவில், மாவு படிந்த இரண்டு வெறுங்கால்கள் வந்து ஊன்றி நின்றன.