பெனால்டி பார்க்காத டயர்க்காரர்

டயர்க்காரர் யாரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. பெட்ரோல் பங்கில் காற்று அடிக்கிற மீட்டரையே நம்பமாட்டார். அடித்து முடித்ததும் டயரை ஒரு உதை உதைத்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏறுவார். கூட்டம் வரும் என்று சொன்ன நூலகக்காரரை அவர் நம்பவில்லை. புத்தகம் பிய்த்துக்கொண்டு போகும் என்று சொன்ன பதிப்பகத்துக்காரரை அறவே நம்பவில்லை. ஆனாலும் தன் வேனின் பின்சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, புத்தகக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தப் புத்தகத்தை எழுதியவர் தங்கச்சி புருஷன். மாட்டேன் என்றால் தங்கச்சி சும்மா விடுவாளா?

தங்கச்சி புருஷன் மருந்துக்கடை வைத்திருந்தவர். கடையை மகன் கையில் கொடுத்துவிட்டு, கையும் காலும் சும்மா இருக்காமல், பச்சைச் சட்டைக் கால்பந்து அணியின் பின்னால் மூன்று பேரும் வாழ்நாளெல்லாம் அலைந்த கதையை எழுதிவிட்டார். மூன்றாவது ஆள் தையல்காரர். விரலை வாயில் வைத்து அவர் ஊதினால் நடுவரே திரும்பிப் பார்ப்பார் என்பதால் அவருக்கு விசில் என்றே பெயர். இப்போது பல்செட். ஊதினால் காற்றுக்கு முன்னால் பல் வந்து விழுகிறது. வேனில் நடுவில் அவர், ஓரத்தில் மருந்துக்கடைக்காரர், ஸ்டியரிங்கில் டயர்க்காரர். கேலரியிலும் எப்போதும் இதே வரிசைதான்.

புத்தகத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிற அத்தியாயம் டயர்க்காரரைப் பற்றியது. இளவட்டமாக இருந்தபோது ஒரு ஆட்டத்தில் பச்சை அணிக்குப் பெனால்டி கிடைத்தது. அந்த நேரம் பார்த்து இவருக்கு முட்டிக்கொண்டு வந்தது. கழிப்பறைக்குப் போனார், கோல் விழுந்தது. அடுத்த ஆட்டத்திலும் அப்படியே. மூன்றாவது தடவை அவருக்கு ஒன்றும் முட்டவில்லை. மருந்துக்கடைக்காரர்தான், "மச்சான், உனக்கு முட்டுது, போ" என்று எழுப்பிவிட்டார். அன்றும் கோல். அன்றிலிருந்து பெனால்டி என்றால் டயர்க்காரர் கேலரிக்கு அடியில் இறங்கிப்போய்க் கழிப்பறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பது வழக்கமாகிவிட்டது. மேலே 'ஹோ' என்று கூரை அதிர்ந்தால் கோல். 'ச்சே' என்று காற்று இறங்கினால் போச்சு. கட்டின மனைவியின் முகத்தைவிட அந்தச் சுவரைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன் என்று அவரே சொல்வார். அதன் பெயிண்ட் எங்கே உரிந்திருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியும்.

அவர் இந்த ராசி கீசியை எல்லாம் நம்பினவர் இல்லை. பிறகு ஏன் போனார்? திரும்பி மேலே ஏறி வந்ததும் மருந்துக்கடைக்காரர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், எப்படி அடிச்சான் தெரியுமா" என்று ஆரம்பிப்பார். கோல்கீப்பர் எந்தப் பக்கம் சாய்ந்தான், பந்து எங்கே உரசிக்கொண்டு போனது, வலை எப்படி உப்பியது, எல்லாம் கையாலேயே ஆட்டிக் காட்டுவார். அதைக் கேட்கத்தான் போனார். வெளியே சொல்லிக்கொள்கிற விஷயமா அது?

சுற்றுப்பயணத்தின் நடுவில் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. பச்சை அணி அரையிறுதியில் ஜெயித்துவிட்டது. மூவரும் வேனில் அந்த ஆட்டத்தை ரேடியோவில் கேட்டுக்கொண்டு போகும்போது பச்சை அணிக்குப் பெனால்டி கொடுத்தார்கள். மருந்துக்கடைக்காரர் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். டயர்க்காரர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப்போய், ஒரு மூடிக்கிடந்த கடையின் ஷட்டரைப் பார்த்து நின்றார். கோல். விசில் ஊதப்போய், பல் டாஷ்போர்டில் அடித்துத் திரும்பியது.

அடுத்த ஊரில், ஒரு புத்தகக்கடையின் மாடி அறையில், மருந்துக்கடைக்காரர் அந்த ஷட்டர் கதையையும் சேர்த்துச் சொன்னார். கூட்டம் கைதட்டிக் கொண்டாடியது. ஆனால் கையெழுத்து வாங்க வந்தவர்கள் முகத்தில் அன்று சிரிப்போடு ஒரு கவலையும் இருந்தது. பச்சைச் சட்டை போட்ட ஒரு பெண் டயர்க்காரரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தாத்தா, ஞாயித்துக்கிழமை ஃபைனலுக்கு நீங்க போகமாட்டீங்கல்ல?"

"ஏன் போகமாட்டேன்? டிக்கெட் வாங்கியாச்சே."

அவள் முகம் செத்துப்போனது. பின்னாலிருந்து ரசிகர் சங்கச் செயலாளர் முன்னால் வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, குழைந்த பேச்சு.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு இருக்குற பெரிய மனசு யாருக்கும் வராது. இத்தனை வருஷம் சுவரைப் பார்த்து நின்னீங்க. இந்த ஒரு நாள் மைதானத்துப் பக்கமே வராம இருந்துட்டீங்கன்னா, கோப்பை நமக்குத்தான்."

"வீட்ல இருந்து டிவியில பாத்துக்கணுமா?"

"டிவியும் வேண்டாமே ஐயா."

டயர்க்காரர் திரும்பி மருந்துக்கடைக்காரரைப் பார்த்தார். அவர் பேனாவின் மூடியைத் தேடுகிற மாதிரி மேசைக்கு அடியில் குனிந்துகொண்டார். மூடி பேனாவின் பின்னால்தான் செருகியிருந்தது.

வேன் ஊரைத் தாண்டியதும் டயர்க்காரர் ஆரம்பித்தார்.

"ஏன் மாப்ள நீ வாயே திறக்கல?"

"என்ன சொல்லச் சொல்ற மச்சான்? பாசத்துல கேக்குறாங்க."

"பாசமா? டிவி பாக்காதேங்குறான். நாளைக்கு மூச்சு விடாதேம்பான். அதுவும் பாசமா?"

"விடுங்கப்பா, ஓட்டுறப்ப எதுக்குச் சண்டை" என்றார் விசில்.

"நீ உன் பல்லப் பாத்துக்கோ. மாப்ள, என் முட்டி போற போக்குக்கு அடுத்த வருஷம் அந்தப் படியில ஏறுவேனான்னே தெரியல. நம்ம அணி ஃபைனலுக்கு வர்றது அதுக்கும் மேல சந்தேகம். எனக்கு ஒரே ஒரு தடவ முழு ஆட்டத்தையும் உக்காந்து பாக்கணும். பெனால்டி வந்தா அதையும். நம்ம மூணு பேருக்குள்ள விளையாட்டா இருந்ததை நீ புத்தகத்துல போட்டு ஊருக்கே சட்டமாக்கிட்ட. நீதான் எடுத்துச் சொல்லணும்."

மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"மச்சான், ஒருவேளை..."

"என்ன ஒருவேளை?"

"ஒருவேளை நிஜமா இருந்துட்டா?"

டயர்க்காரர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். இறங்கினார். நான்கு டயரையும் ஒவ்வொன்றாகச் சுற்றி வந்து உதைத்தார். ஊரான் சொன்னால் போகட்டும். கூடவே ஒரே வரிசையில் உட்கார்ந்து தோற்றவன், சோற்றுப் பொட்டலத்தைப் பங்கு போட்டுத் தின்றவன், தங்கச்சியைக் கட்டினவன், அவனே தன்னைப் பீடை என்று நினைக்கிறானா? முட்டி வலித்தது. அதனால் ஸ்டெப்னியை விட்டுவிட்டார்.

திரும்பி ஏறியபோது விசிலின் கையில் ஃபோன் இருந்தது. மறுமுனையில் தங்கச்சி. விசில் அவளிடம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார் என்பது அவள் குரலிலேயே தெரிந்தது.

"அண்ணே, ஞாயித்துக்கிழமைக்கு உனக்கு ஓரத்து சீட்டா கேட்டு வாங்கியிருக்கேன். காலை நீட்டி உக்காரலாம்."

"நான் வரலாமான்னு உன் புருஷன்கிட்ட கேளு."

"அவர்கிட்ட எதுக்குக் கேக்கணும்? அவரு ஒரு பயந்தாங்கொள்ளி. எங்க கல்யாண ஃபோட்டோ எல்லாத்துலயும் கண்ண மூடிக்கிட்டுத்தான நிக்கிறாரு. ஃபோன அவர் காதுல வை."

காதில் வைத்தார்கள். என்ன சொன்னாளோ, மருந்துக்கடைக்காரர் "ம்", "ம்", "சரிம்மா", "சாப்பிட்டோம்மா" என்பதைத் தவிர வேறு ஒன்றும் சொல்லவில்லை.

கடைசிக் கூட்டம் அவர்கள் சொந்த ஊரில், ஒரு நூல் ஆலையின் கேன்டீனில். நீள மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். எல்லாம் பச்சைச் சட்டைகள். மறுநாள் ஃபைனல் என்பதால் நிற்கக்கூட இடமில்லை. செயலாளரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மருந்துக்கடைக்காரர் மைக்கைத் தட்டியதுமே, "சுவரு! சுவரு!" என்று கூச்சல். அந்த அத்தியாயத்தைத்தான் கேட்டார்கள்.

மருந்துக்கடைக்காரர் புத்தகத்தைத் திறந்தார். ஒரு வரி படித்தார். மூடிவிட்டார்.

"இதை இன்னைக்குப் படிக்கப் போறதில்ல. இதுல நான் ஒண்ண விட்டுட்டேன். எங்க மச்சான் சுவரைப் பாத்து நின்னும் கோல் விழாத ஆட்டம் எத்தனையோ இருக்கு. விழுந்ததைவிட அதுதான் ஜாஸ்தி. அதை எழுதினா யாரும் சிரிக்கமாட்டாங்கன்னு எழுதல. அவரு போனது நாங்க சொன்னோம்னுதான். நாளைக்கு அவரு உள்ள வருவாரு. எங்க பக்கத்துல உக்காருவாரு. பெனால்டி வந்தா பாப்பாரு."

"தோத்துட்டா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

"தோத்தா என்னைத் திட்டு. புத்தகத்துல என் ஃபோட்டோ போட்டிருக்கு, அடையாளத்துக்குக் கஷ்டமில்ல."

சிரித்தார்கள், ஆனால் பாதி மனசாகத்தான். செயலாளர் சிரிக்கவேயில்லை. மருந்துக்கடைக்காரரின் சட்டைக் கக்கம் நனைந்திருந்ததை டயர்க்காரர் பார்த்தார். இவன் இன்னும் பயத்தோடுதான் இருக்கிறான், பயத்தோடேயே சொல்லிவிட்டான் என்று நினைத்துக்கொண்டார். அன்று புத்தகம் அவ்வளவாக விற்கவில்லை. திரும்ப ஏற்றிய கட்டுகளை டயர்க்காரர் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் தானே தூக்கி அடுக்கினார்.

மறுநாள் கேலரியில் தங்கச்சி சொன்ன மாதிரியே ஓரத்துச் சீட்டு. அக்கம்பக்கத்தில் குசுகுசுத்தார்கள். ஒருவன் எழுந்து வேறு வரிசைக்கே போய்விட்டான். டயர்க்காரர் காலை நீட்டிக்கொண்டார். ஆட்டம் தொடங்கியது. பச்சை அணி ஒரு கோல் வாங்கிக்கொண்டு, அதைத் திருப்பிக் கொடுக்கத் தெரியாமல் கடைசிவரை ஓடிக்கொண்டேயிருந்தது. முடிகிற நேரத்தில் எதிரணிக்காரன் கையில் பந்து பட்டது.

பெனால்டி.

அந்தக் கேலரி முழுவதும் மைதானத்தைப் பார்க்கவில்லை. டயர்க்காரரைப் பார்த்தது.

அவரை அறியாமலேயே அவர் எழுந்துவிட்டார். பழக்கம். கால் படியைத் தேடியது. செயலாளர் நான்கு வரிசை மேலிருந்து கைகூப்பாத குறையாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது டயர்க்காரர் சட்டையின் பின்முனையை யாரோ பிடித்து இழுத்தார்கள்.

"உக்காரு மச்சான்."

விசிலின் மடியைத் தாண்டி வந்த கை மருந்துக்கடைக்காரருடையது. பிடி விடவில்லை. டயர்க்காரர் உட்கார்ந்தார்.

பந்தை வைத்தார்கள். அடிக்கப்போகிறவன் சின்னப் பையன், காதெல்லாம் சிவந்திருந்தது. அவன் பின்னால் போனதும், மூச்சை இழுத்ததும், ஓடி வந்ததும், எல்லாம் டயர்க்காரருக்குப் பளிச்சென்று தெரிந்தது. இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு நடக்குமா! உதைக்கும்போது பையன் உடம்பைப் பின்னால் சாய்த்தான். பந்து கிளம்பியது, கம்பத்துக்கு மேலே போனது, விளம்பரத் தட்டியையும் தாண்டிப் போய்விட்டது.

'ச்சே' என்று காற்று இறங்கியது. சுவருக்குப் பக்கத்தில் நின்று கேட்டதற்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. நடுவர் ஊதிவிட்டார். கோப்பை அந்தப் பக்கம் போயிற்று.

டயர்க்காரர் மெல்லத் திரும்பினார். திட்டு வாங்கத் தயாராகத்தான் திரும்பினார். பக்கத்தில் விசிலைக் காணோம். ஊதப்போய்ப் பல் விழுந்து, சீட்டுக்கு அடியில் மண்டியிட்டுத் தேடிக்கொண்டிருந்தார். அதற்கு அப்பால் மருந்துக்கடைக்காரர். இரண்டு கண்ணையும் இறுக மூடியிருந்தார், கல்யாண ஃபோட்டோவில் நிற்கிற மாதிரியே. சட்டை முனை இன்னும் அவர் கையில் இருந்தது.

"மச்சான், என்ன ஆச்சு? எப்படி அடிச்சான்?"

"நீ பாக்கலையா?"

"என்னால முடியாது மச்சான். என்னைக்குமே முடிஞ்சதில்ல."

டயர்க்காரர் அவர் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"அப்ப இத்தன வருஷமா எனக்கு ஆட்டிக் காட்டினதெல்லாம்?"

"விசில் காதுல சொல்லுவான். நீ ஏறி வர்றதுக்குள்ள கேட்டு வச்சுக்குவேன்."

சீட்டுக்கு அடியிலிருந்து பல் இல்லாத ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது.

உலகத்தில் டயர்க்காரர் நம்பின விஷயம் ஒன்றே ஒன்றுதான், மாப்பிள்ளை ஆட்டிக் காட்டின அந்தப் பெனால்டிகள், அதுவும் இரண்டாம் கைச் சரக்கு. கோபம் வரும் என்று காத்திருந்து பார்த்தார், வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. முன் வரிசையில் பாதிப் பேர் இப்போதுதான் முகத்திலிருந்து கையை எடுக்கிறார்கள் என்பதையும் கவனித்தார். இவரைத் திட்டுவதற்குக்கூட என்ன நடந்தது என்று தெரிந்திருக்க வேண்டுமே! நேற்று கேன்டீன் கூட்டத்தில் முகம் கொடுத்துப் பேசாத ஒரு ஆள், "தாத்தா, நீங்க பாத்தீங்களா?" என்று கழுத்தை நீட்டினான்.

டயர்க்காரர் தங்கச்சி புருஷனின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"கேளு மாப்ள. எப்படி அடிச்சான் தெரியுமா" என்று ஆரம்பித்து, பையனின் சிவந்த காதிலிருந்து ஒவ்வொன்றாகக் கையால் ஆட்டிக் காட்டினார்.