இரவல் பத்தியம்

ஏணியின் பாதி வழியில் இருந்த இரும்புத் தட்டில் நின்று, கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிரேன்காரன் மூச்சு வாங்கினான். கீழே, கட்டடம் எழுந்துகொண்டிருந்த மைதானத்தில் ஆட்கள் எறும்புகளாய் ஊர்ந்தார்கள். மேலே, கோபுர உச்சியில், அவனுடைய கண்ணாடிக் கூண்டு வெயிலில் மின்னியது. முன்பெல்லாம் ஒரே மூச்சில் ஏறிவிடுவான். இப்போது நாக்குத் தள்ளியது.

இடுப்பில் இருந்த வாக்கி-டாக்கி கரகரத்தது.

"அண்ணே, கூண்டுக்குப் போயிட்டீங்களா, இல்ல பாதியிலயே குடித்தனம் வெச்சுட்டீங்களா?"

கீழே நின்று அவனுக்குச் சிக்னல் சொல்லும் பெண்ணின் குரல் அது. எந்தப் பாரத்தை எங்கே இறக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று அவள் சொல்லச் சொல்ல, அவன் மேலிருந்து லிவரை அசைப்பான். அவள் குரலும் அவன் கையும் ஒரே உடம்பின் உறுப்புகள் மாதிரி.

"வந்துட்டேன் தங்கச்சி. ஷூ கயிறு அவுந்துருச்சு, கட்டிட்டிருந்தேன்."

அது பொய் என்று இருவருக்கும் தெரியும்.

வேலையிடத்தில் அவனை 'டன்' என்றுதான் கூப்பிட்டார்கள். அவன் தூக்கும் பாரத்துக்காக வைத்த பெயர் என்று கேட்டால் சொல்வார்கள். சொல்லும்போது அவன் தொப்பையைப் பார்ப்பார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவான். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

ஆனால் அன்று மாலை இறங்கி வந்தபோது சூப்பர்வைசர் சொன்னது சிரிக்கிற விஷயமாக இல்லை.

"டன்னு, அடுத்த மாசம் எல்லாருக்கும் மெடிக்கல் செக்கப். மேல யாராவது மயங்கி விழுந்தா கீழ இறக்குற பெல்ட்டு இருக்கு பாரு, அது ஒரு அளவுக்குத்தான் தாங்கும். நீ அந்த அளவைத் தாண்டிட்ட. எடை குறையலைன்னா மேல ஏற விட மாட்டாங்க. ஸ்டோர் ரூம்ல உக்காந்து ஆணி எண்ண வேண்டியதுதான்."

சுற்றி நின்றவர்களில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். கிரேன்காரனுக்குக் காது மடல் சுட்டது. அந்தக் கூண்டுதான் அவனுடைய ராஜ்ஜியம். தரையில் யார் என்ன பெயர் வைத்தாலும், மேலே ஏறி லிவரில் கை வைத்துவிட்டால் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதையும் பிடுங்கிக்கொண்டால் மிச்சம் என்ன?

சேதி பரவியதும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். சோற்றை விடு என்றான் கம்பி கட்டுகிறவன். சோறு தின்னு, ராத்திரிச் சாப்பாட்டை விடு என்றார் காவலாளி. வெறும் கறியும் முட்டையும் தின்றால் போதும் என்றான் எலக்ட்ரீஷியன். எல்லோரும் தங்கள் சித்தப்பாவோ சகலையோ அப்படித்தான் இளைத்ததாகச் சத்தியம் செய்தார்கள்.

வீட்டில் அவன் மனைவி தையல் மெஷினை நிறுத்திவிட்டு முழுதாகக் கேட்டாள். யூனிஃபார்ம் தைக்கிறவள், அவன் பேண்ட் இடுப்பை எத்தனை தடவை பிரித்துத் தைத்தாளோ, அவளுக்கே மறந்துவிட்டது.

"சர்க்கரைக்கு மாத்திரை குடுக்கறாரே, அந்த டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. எப்படிக் குறைக்கறதுன்னு அவர் சொல்வாரு."

"அவர் என்ன சொல்லப் போறாரு? கம்மியாத் தின்னு, நடன்னு சொல்வாரு. மெதுவாக் குறைய எனக்கு ஏது நேரம்?"

அந்த நேரம் பார்த்து மனைவியின் தம்பி வந்தான். அவன் ஒரு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பவன். போன வருஷம் பூசணிக்காய் மாதிரி இருந்தவன், இப்போது முருங்கைக்காய் மாதிரி வந்து நின்றான். பையிலிருந்து ஒரு பெரிய டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"மாமா, கவலையை விடுங்க. இந்தப் பவுடரைத் தண்ணியில கலக்கி மூணு வேளை குடிங்க. வேற எதையும் தொடக் கூடாது. என்னையே பாருங்க, நான் என்ன பொய்யா சொல்றேன்?"

"டேய், மாமா சர்க்கரை மாத்திரை போடறாருடா" என்றாள் அக்கா.

"அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது, அக்கா. எளைச்சா சர்க்கரையே ஓடிப் போயிரும்."

தம்பி சொன்னதில் வஞ்சகம் எதுவும் இல்லை. தான் பெற்ற இன்பத்தை மாமாவும் பெறட்டும் என்றுதான் நினைத்தான். கிரேன்காரனுக்கும் அந்த முருங்கைக்காய் உடம்பைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

மறுநாளே தொடங்கினான். காலையில் மாத்திரையும் ஒரு கிளாஸ் பவுடர் தண்ணீரும். யானைப் பசிக்குச் சோளப்பொரி. மனைவி கட்டிக் கொடுத்த சாப்பாட்டைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, காலி டப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோனான். கூண்டில் ஆத்திர அவசரத்துக்கு வைத்திருந்த பிஸ்கட்டையும், கண்ணில் பட்டால் கை போகும் என்று எடுத்துவந்து கொடுத்துவிட்டான்.

எடை இறங்கியது. பேண்ட் தொளதொளத்தது. "டன்னு கரையுதுடோய்!" என்று கூவினார்கள். அந்தக் கூவல் அவனுக்குச் சோற்றைவிட ருசித்தது. அதனால் மற்றதையெல்லாம் மறைத்தான். பத்து மணிக்கு மேல் கை நடுங்குவதை மறைத்தான். வேர்த்துக் கொட்டினால் வெயில் என்றான். வீட்டில் நூல்கண்டு தரையில் கிடந்ததற்கெல்லாம் மனைவிமேல் எரிந்து விழுந்தான்.

"அண்ணே, உங்க குரலே சரியில்லையே. சாப்பிட்டீங்களா?" என்று ஒருநாள் சிக்னல்காரி கேட்டாள்.

"மூக்கு முட்டச் சாப்பிட்டேன் தங்கச்சி. நீ வேலையைப் பாரு."

செக்கப்புக்கு முந்தின வாரம், கான்கிரீட் சுவர்ப் பலகைகளைத் தூக்கி மாடியில் பொருத்தும் வேலை நடந்தது. ஒவ்வொரு பலகையும் ஒரு வீட்டுச் சுவர் அளவு. மாடியில் இரண்டு பேர் நின்று, தொங்கி வரும் பலகையைக் கையால் திருப்பி, போல்ட்டில் உட்கார வைக்க வேண்டும். அந்த இருவரில் ஒருவன் தூணுக்குப் பக்கத்தில் நின்றான். குச்சி மாதிரி இருப்பதால் அவனுக்கு 'ஒல்லி' என்று பெயர். அன்று சிக்னல்காரியும் மாடியில்தான், நாலு அடி தள்ளி நின்றாள்.

"கீழ... கீழ... மெல்லக் கீழ..."

கிரேன்காரனின் நெற்றியிலிருந்து வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைத்தான். துடைத்த பிறகும் கண்ணாடிக்கு அந்தப்புறம் எல்லாமே இரண்டிரண்டாகத் தெரிந்தது. நெஞ்சு தடதடவென்று அடித்தது. அவள் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருந்தது.

"கீழ... நிறுத்துங்க."

நிறுத்தத்தான் நினைத்தான். கை அவன் பேச்சைக் கேட்கவில்லை. லிவர் பக்கவாட்டில் சாய்ந்தது. பலகை தூணை நோக்கி நகர்ந்தது.

"அண்ணே! நிறுத்துங்க! நிறுத்துங்க!"

அந்த அலறலில் அவன் கை தானாக விட்டது. லிவர் நடுவுக்கு வந்தது, கிரேன் நின்றது. ஆனால் ஒல்லி தூணுக்கும் பலகைக்கும் இடையே சிக்கிக்கொண்டான். வலது கை பலகையின் விளிம்பில் மாட்டியிருந்தது. அவன் கத்தியது மேலே இருந்தவனுக்கே கேட்டது.

உடம்பு நசுங்கவில்லை. ஆனால் இன்னொரு சாண் தூண் பக்கம் நகர்ந்தால் நசுங்கிவிடும். அவனை வெளியே எடுக்க வேண்டுமானால் பலகையை நேராக மேலே தூக்க வேண்டும். தூக்க வேண்டியவனோ கூண்டுக்குள் தலை தொங்கிக் கிடந்தான். மற்றொரு ஆபரேட்டர் அன்று லீவு.

சூப்பர்வைசர் மாடிக்கு ஓடி வந்து சிக்னல்காரியின் வாக்கி-டாக்கியைப் பிடுங்கப் பார்த்தார். "டேய் டன்னு, தூக்குடா மேல! சீக்கிரம்!"

சிக்னல்காரி கொடுக்கவில்லை. "சார், சும்மா இருங்க. அவர் இப்ப தொட்டாரு, ஒல்லி செத்தான்." பிறகு குரலை இறக்கினாள். "அண்ணே, நான் பேசறது கேக்குதா?"

"ம்."

"கையை மடியில வெச்சுக்குங்க. எதையும் தொடாதீங்க. காலையில என்ன சாப்பிட்டீங்க? உண்மையைச் சொல்லுங்க."



"சாப்பிடல... மாத்திரை போட்டேன்... பவுடரு..."

அவளுடைய அம்மாவுக்கும் சர்க்கரை. மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் என்ன ஆகும் என்று வீட்டிலேயே பார்த்திருக்கிறாள். "டீக் கடையில சர்க்கரையைக் கரைச்சு எடுத்துட்டு யாராவது மேல ஓடுங்க!" என்று கத்தினாள். எலக்ட்ரீஷியன் பாட்டிலைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஏணியில் பாய்ந்தான்.

அவன் ஏறி முடிக்கும்வரை அவள் பேசுவதை நிறுத்தவில்லை. அண்ணி என்ன தைக்கறாங்க, மழை வருமா, போன வாரம் யார் யாரை அடிச்சான் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினாள். பதில் வர நேரமானால், "அண்ணே!" என்று அதட்டினாள். ஒல்லி முனகிக்கொண்டிருந்தான்.

எலக்ட்ரீஷியன் கூண்டுக் கதவைத் திறந்து, தாடையைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரைத் தண்ணீரைப் புகட்டினான். அது உள்ளே போய் வேலை செய்யும்வரை காத்திருந்தது, கீழே நின்றவர்களுக்கு ஒரு யுகமாகத் தெரிந்தது. மெல்ல மெல்லக் கிரேன்காரனின் நடுக்கம் அடங்கியது. இரண்டாகத் தெரிந்த தூண் ஒன்றானது.

"அண்ணே, ஒல்லி எந்தப் பக்கம் மாட்டியிருக்கான்?"

"தூணுக்கு இடப் பக்கம். வலது கை."

"பலகை எந்தப் பக்கம் போகணும்?"

"நேரா மேல. பக்கவாட்டுல அசையவே கூடாது."

"சரி. ஒரு சாண் மேல. நான் சொன்னதும் நிறுத்தணும்."

அவன் லிவரில் கை வைத்தான். எத்தனையோ வருஷமாகத் தொட்ட லிவர் பாம்பு மாதிரி சில்லிட்டது. பலகை ஒரு விரற்கடை எழும்பியது. இன்னும் கொஞ்சம்.

"நிறுத்துங்க."

நின்றது. ஒல்லியை இழுத்து வெளியே போட்டார்கள். கிரேன்காரன் கூண்டுக்குள் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

கீழே இறக்கியதும் சூப்பர்வைசர் அவனை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு போனார். "காத்து தள்ளிருச்சுன்னு சொல்லிடலாம். உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

"காத்து இருந்தா நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டியது சிக்னல்காரிதானே சார்? பழி அந்தப் பொண்ணு மேலதானே விழும்? வேண்டாம். பட்டினி கெடந்துட்டு ஏறினேன். நானே சொல்லிடறேன்."

சொன்னான். மேலே ஏறக் கூடாது என்று உத்தரவு வந்தது. ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து ஆணி எண்ணினான்.

ஆஸ்பத்திரியில் ஒல்லி கையில் மாவுக்கட்டோடு படுத்திருந்தான். கிரேன்காரன் வாசற்படியைத் தாண்ட முடியாமல் நின்றான். ஒல்லிதான் கூப்பிட்டான்.

"உள்ள வாங்கண்ணே. எளைக்கணும்னு சொன்னது உங்களை. என்னை எதுக்குண்ணே நசுக்கி எளைக்க வைக்கப் பாத்தீங்க? நான் ஏற்கெனவே குச்சியாத்தானே இருக்கேன்?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவன் ஒல்லியின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டான்.

அதற்குப் பிறகுதான், முதலில் போயிருக்க வேண்டிய இடத்துக்குப் போனான். டாக்டர் திட்டவில்லை. எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறான், எத்தனை மணிநேரம் உட்கார்ந்தே இருக்கிறான், என்ன பிடிக்கும், எப்போது அதிகம் பசிக்கும் என்று கேட்டுக்கொண்டே போனார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, அவன் மறைத்ததையெல்லாம் சொன்னாள். டாக்டர் மாத்திரையை மாற்றினார். வேளாவேளைக்குச் சாப்பாடு, அளவு மட்டும் குறைவு. உட்கார்ந்த இடத்தில் கொறிப்பது நின்றது. சாயங்காலம் மனைவியோடு நடை.

"எவ்வளவு நாள்ல குறையும் டாக்டர்?"

"மெதுவாத்தான். ஆனா நீங்க வாழ்நாள் முழுக்க இப்படிச் சாப்பிட முடியுமா? அதைச் சொல்லுங்க முதல்ல."

அவன் யோசித்தான். "முடியும்" என்றான்.

மச்சினன் வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றான். "எனக்கு நல்லது பண்ணுச்சே மாமா. அதான்..."

"உனக்குப் பண்ணுச்சு மாப்ளே, நான் இல்லைன்னு சொல்லல. ஆனா நீ மயங்கினா மேஜைமேல தலை வெச்சுப் படுத்துருவ. நான் மயங்கினா கீழ ஒரு உசுரு நிக்குது. அதை நீயும் யோசிக்கல, நானும் யோசிக்கல."

அந்த டப்பாவை அவன் அக்காவே குப்பையில் போட்டாள்.

மழைக்காலம் போய், வெயில் வந்து, அதுவும் தணிந்த பிறகுதான் அந்தப் பெல்ட் தாங்கும் அளவுக்கு அவன் எடை இறங்கியது. மறுபடி ஏற அனுமதி கிடைத்த அன்று ஒல்லிதான் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். மத்தியானம், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கிரேன்காரன் பக்கத்தில் சூப்பர்வைசர் வந்து அமர்ந்தார். அவருக்கும் தொப்பை உண்டு. அதோடு ரத்தக் கொதிப்பும் உண்டு. யாரும் கேட்டுவிடாதபடி குனிந்து கேட்டார்.

"டன்னு, நீ என்ன சாப்பிடற, எப்பச் சாப்பிடற, அப்படியே எனக்கும் சொல்லிடேன். நாளையிலேருந்து நானும் ஆரம்பிச்சுடறேன்."

கிரேன்காரன் வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டு நிதானமாகச் சொன்னான்.

"சொல்ல மாட்டேன் சார். என்னுது எனக்குன்னு பாத்துச் சொன்னது. உங்களுக்கு வேற வியாதி, வேற மாத்திரை, வேற வேலை. நேரா உங்க டாக்டர்கிட்டப் போங்க, எதையும் மறைக்காம சொல்லுங்க. எளைக்கறதுக்கு ஆயிரம் வழி இருக்கு சார். அதுல நம்ம உடம்பு தாங்குற வழி, நம்ம பொழப்புக்கு ஒத்து வர்ற வழி, கடைசிவரைக்கும் நம்மால நடக்க முடியற வழி எதுவோ, அது ஒண்ணுதான் நமக்கு. அடுத்தவன் எளைச்சதைப் பாத்து இரவல் பத்தியம் இருந்தா, எடை குறையறதுக்கு முன்னாடி உசுரு போயிரும். அதுவும் நம்ம உசுராத்தான் இருக்கணும்னு இல்ல."