அம்சம் பேரில் ஒரு சீட்டு

“ஈஸ்வரி, என் சீட்டையும் நீயே காட்டிட்டு வந்துடு.”

“அது என்னக்கா ரேஷன் கார்டா? ஆளத் தொட்டுல்ல பாக்குறாங்க.”

“பாக்கட்டும். உன்னுது என்ன, என்னுது என்ன? எல்லாம் புள்ளைங்களுக்குப் பால் குடுத்ததுதான். பறிச்ச நாத்து வெயில்ல கெடக்கு. நான் கரையேறினா இவளுங்க ஊர்க்கதை பேசிக்கிட்டு நிப்பாளுங்க.”

அம்சம் சொன்னதைக் கேட்டு வயலில் குனிந்திருந்த பத்துப் பெண்களும் சிரித்தார்கள். ஈஸ்வரியும் சிரித்தாள். இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஆனி மாதம், குறுவை நடவு. அந்தச் சிரிப்பு இன்னும் அவள் காதை விட்டுப் போகவில்லை.

இப்போது அவள் சுடர்விழியின் பையைச் சுமந்துகொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்துகொண்டிருந்தாள். அம்சத்தின் கருமாதி முடிந்து மூன்று நாள். மகள் சுடர்விழிக்குத் திருவாரூர்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலை, லீவு முடிந்துவிட்டது. கொழுந்தன் மனைவியாக வந்த ஈஸ்வரியைக் கூடப் பிறந்தவளைப் போலத்தான் வைத்திருந்தாள் அம்சம். நடவுக் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி.

மார்பகப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கும் மருத்துவ முகாம் அப்போது ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இரண்டு நாள் நடந்தது. கூட்டத்துப் பெண்கள் எல்லோரையும் அனுப்பிவைக்கிறேன் என்று அம்சம்தான் வாக்குக் கொடுத்திருந்தாள். முதல் நாளே ஈஸ்வரி போய்க் காட்டிவிட்டு வந்தாள். மறுநாள் அம்சத்தின் சீட்டோடு போனபோது வேறொரு நர்ஸ். “அம்சமா?” என்று கேட்டதற்கு, “ஆமாங்க” என்றாள். நூறு நாள் வேலையில் வராதவளுக்கும் சேர்த்துக் குரல் கொடுத்துப் பழகிய வாய், கூசவில்லை. திரைக்குப் பின்னால் அவளையே மறுபடி தொட்டுப் பார்த்து, அம்சத்தின் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மறு வருஷம் குளிக்கும்போது இடது பக்கம் நெல்லிக்காய் அளவில் ஏதோ தட்டுப்படுகிறது என்று அம்சம் சொன்னபோது ஈஸ்வரிக்குத் திக்கென்றது. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றாள். “அதான் கட்டி இல்லன்னு எழுதிக் குடுத்திருக்காங்களே” என்றாள் அம்சம். கேலிக்குத்தான் சொல்கிறாள் என்று நினைத்து ஈஸ்வரி அவள் முகத்தைப் பார்த்தாள். கேலி இல்லை. பீரோவில் பத்திரமாக வைத்திருந்த காகிதத்தை அம்சமே நம்பத் தொடங்கியிருந்தாள். ஈஸ்வரி அப்போது வாயைத் திறக்கவில்லை. பத்து மாதம் கழித்துத் தஞ்சாவூருக்குப் போனபோது நோய் அக்குளுக்கும் நுரையீரலுக்கும் போயிருந்தது.

பஸ் நிறுத்தத்தில் யாரும் இல்லை. வாய்க்காலில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது.

“சுடரு, அம்மாவப் பாத்த தஞ்சாவூர் டாக்டரம்மா சொன்னத யோசிச்சியா?”

“ஆரம்பிச்சுட்டீங்களா சித்தி?”

“இல்லடி. அம்மாவுக்கு அம்பதுக்குள்ள வந்திருக்கு, பொண்ணு நாப்பது வரைக்கும் காத்திருக்கக் கூடாதுன்னாங்க. மொதல்ல கையால பாப்பாங்களாம். சின்ன வயசுக்காரங்களுக்கு மார்ப எக்ஸ்ரே எடுக்கிற மேமோகிராம்ல சரியாத் தெரியாமப் போகலாமாம், தேவைப்பட்டா ஸ்கேன் பண்ணுவாங்களாம். குடும்பத்து வழியா வருதான்னு பாக்க ரத்தப் பரிசோதனை வேற இருக்காம். எது, எப்பன்னு உன்னப் பாத்துட்டுத்தான் சொல்லுவாங்களாம். எனக்கு நாப்பத்திமூணு ஆச்சுல்ல, என்னைய மேமோகிராம் எடுக்கச் சொன்னாங்க.”

“எடுத்தீங்களா?”

ஈஸ்வரி பையை வேறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

“பாத்தீங்களா? உங்களுக்கே நம்பிக்கை இல்ல.” சுடர்விழி கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். கண்ணாடித்தாள் உறை போட்டு வைத்திருந்தாள். “எங்கம்மாவுக்கும்தான் பாத்தாங்க. படிக்கிறேன், கேளுங்க. வலது மார்பு, கட்டி இல்லை. இடது மார்பு, கட்டி இல்லை. இத எழுதினவங்க கையில போய் என்னையும் காட்டணுமா? வர்றது வரட்டும் சித்தி. எனக்கு இந்தச் சோதனையெல்லாம் வேணாம்.”

அவள் விரல் அந்த வரியின் மேலேயே நின்றது. ஈஸ்வரி உண்மையைச் சொன்னால் இந்தப் பெண் இனித் தன்னைச் சித்தி என்று கூப்பிடமாட்டாள். சொல்லாவிட்டால் இந்தக் காகிதம் அம்மாவைக் கொண்டுபோனது போல மகளையும் கொண்டுபோகும்.

“அது என் மார்பு, சுடரு.”

“என்னது?”

“அந்தச் சீட்டுல எழுதியிருக்கறது என்னைப் பாத்து எழுதினது. உங்கம்மா அன்னிக்கு வயல விட்டு ஏறவே இல்ல. அவங்க பேரச் சொல்லி நான் போயி நின்னேன். நர்ஸ் மேல தப்பு இல்ல. உங்கம்மாவ யாருமே பாக்கல.”

பஸ் வந்து நின்றது. “திருவாரூர், திருவாரூர்! ஏறும்மா!” என்றார் கண்டக்டர். இரண்டு பேரும் அசையவில்லை. “நிக்கிறதுக்குன்னே வருதுங்கப்பா” என்று முணுமுணுத்துவிட்டு விசில் கொடுத்தார். பஸ் போய்ப் புழுதி அடங்கும்வரை சுடர்விழி காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கட்டி இருக்குன்னு அம்மா சொன்னப்பவாவது…”

“சீட்ட நம்பாதக்கான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். சொல்லல. பயம்.”

“பத்து மாசம், சித்தி. பத்து மாசம் நீங்க தினம் அவங்களோட உக்காந்து சோறு தின்னீங்க.”

“ஆமா.”

சுடர்விழி தள்ளிப்போய் வாய்க்கால் மதகில் உட்கார்ந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. ஈஸ்வரி கிட்டே போகவில்லை. போக உரிமை இல்லை என்று பட்டது. பையை மட்டும் கீழே வைக்காமல் நின்றாள்.

கடைசி வாரம், ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூச்சு வாங்க வாங்க அம்சம் அவள் கையைப் பிடித்துக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். உண்மையைச் சொல்லாமல் அதைச் சுடர்விழியிடம் கேட்க முடியாது என்பதால் இத்தனை நாளும் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

“என்னைய மன்னிக்க வேணாம் சுடரு,” என்றாள். “இனிமே பேசாட்டியும் சரி. ஆனா உங்கம்மா எங்கிட்ட ஒண்ணு கேட்டுச்சு. எம்பொண்ண நீயே கூட்டிட்டுப் போய்க் காட்டு ஈஸ்வரின்னுச்சு. நாளைக்கு ஒரு நாள் எங்கூட தஞ்சாவூருக்கு வா. உன் பேருல நீ காட்டு, என் பேருல நான் காட்டுறேன்.”