தங்கலட்சுமி வராத வீடு

எங்க ஊர்ல ஒரு ஆளு படுத்துட்டாருன்னா, டாக்டர் என்ன சொன்னாருன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாக. தங்கலட்சுமி வந்துட்டுப் போனாளான்னுதான் கேப்பாக. வரலைன்னா ஆளு எந்திரிச்சிரும். வந்து, கட்டில் பக்கத்துல உக்காந்து, பைக்குள்ள கைய விட்டு ஒரு சாமானை எடுத்து, "இதை வாங்கிப் போடுத்தா, ரொம்ப வசதி"ன்னு சொல்லிருச்சுன்னா சோலி முடிஞ்சது. அந்த ஆளு இனி கட்டிலோடதான்.

அந்தக்கா ஒண்ணும் பொல்லாதது இல்ல. ஒரு காலத்துல அது சொன்னாத்தான் இந்தத் தெருவே ஒரு பொருளை வாங்கும். பஸ்ஸு ஏறி அருப்புக்கோட்டை, காரியாபட்டி சந்தைன்னு சுத்தி, யாரு கண்ணுலயும் படாத சாமானாப் பொறுக்கிட்டு வரும். ஆட்டுக்குட்டிக்குப் பால் குடுக்க ஒரு ரப்பர் காம்பு. கருவேல முள்ளு தச்சா நோண்டி எடுக்குறதுக்குன்னே நுனி வளைஞ்ச ஒரு ஊசி. குடத்துக்குள்ள கைய விட்டுத் தேய்க்க நீளக்காம்பு பிரஷ்ஷு. "நான் வச்சுப் பாத்துட்டுத்தான் சொல்றேன்"னு சொல்லும், அது நெசந்தான். அந்த ஊசி இன்னமும் எங்க வீட்ல கெடக்கு.

அப்புறம் அதோட வீட்டுக்காரரு வீரபாண்டியண்ணன் பக்கவாதத்துல விழுந்து வருசக்கணக்காக் கெடந்தாரு. அதுல இருந்து அந்தக்கா தேடுற சாமானும் மாறிப்போச்சு. படுத்துக்கிட்டே தண்ணி குடிக்க மூக்கு வச்ச கப்பு. நடுவுல ஓட்டை போட்ட ப்ளாஸ்டிக் சேரு. மோட்டுவளையைப் பாத்துக் கெடக்குற மனுசன் தெருவைப் பாக்கட்டும்னு கட்டில் தலைமாட்டுல சாய்ச்சுக் கட்டின ஒரு கண்ணாடி, ஏதோ லாரிக்கு மாட்டுறதாம். அண்ணன் போய்ச் சேந்த பிறகு, தேடித் தேடிக் கண்டுபிடிச்சதெல்லாம் வீணாப் போகக் கூடாதுன்னு நெனச்சுச்சோ என்னமோ, பையைத் தூக்கிக்கிட்டு நோயாளி இருக்குற வீடு வீடாப் போக ஆரம்பிச்சுச்சு. நல்லதுதான் சொல்லும். ஆனா அது போன வீட்ல ஒருத்தர்கூட எந்திரிக்கல. எந்திரிக்க மாட்டாதவுக வீட்டுக்குத்தான் அது போகும்ங்கிறதை யாரும் யோசிக்கல. நானும் யோசிக்கல.

எங்க வீட்டுக்காரரு காளிராஜ் கரிமூட்டை லோடு ஏத்துறவுக. திருச்சுழிப் பக்கம் கருவேலம் வெட்டி மூட்டம் போட்டு எடுக்குற கரி. போன மாசி மாசம் லோடு மேல நின்னு கயிறு இழுக்கையில கயிறு அத்து, மல்லாக்க விழுந்தாக. முதுகெலும்புல அடி. மதுரையில ஆபரேசன் பண்ணாக. இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்ல. "மூணு மாசம் போகட்டும், பாப்போம்"னாரு டாக்டரு. பாப்போம்னு சொன்னதை எந்திரிச்சிருவாருன்னு சொன்னதா நான் எடுத்துக்கிட்டேன். வேற எப்படி எடுத்துக்கிறது?

வீட்டுக்குக் கொண்டு வந்த மறுநாளே தங்கலட்சுமியக்கா பையோட வாசல்ல வந்து நின்னுச்சு. நான் ஓடிப்போயி கேட்டைப் பிடிச்சுக்கிட்டு சொன்னேன்.

"உள்ள வராதீக. இங்க நோயாளி யாரும் இல்ல. விழுந்துட்டாக, எந்திரிச்சிருவாக."

தெருவே பாத்துச்சு. அந்தக்கா "சரித்தா"ன்னு பையைத் தோள்ல மாட்டிக்கிட்டுப் போயிருச்சு. எதுத்த வீட்டு மாயக்கா மட்டும், "நல்ல காரியம் பண்ணின ஜெகதா"ன்னு சொல்லிச்சு.

உள்ள வந்தா, இவுக சிரிக்கிறாக. விழுந்ததுக்கப்புறம் அன்னைக்குத்தான் சிரிச்சாக.

"வெரட்டிட்டியா?"

"ஆமா."

"அப்ப எந்திரிச்சிருவேன், போ."

வெளையாட்டாத்தான் சொன்னாக. ஆனா வலி கூடுற அன்னைக்கெல்லாம் அதையே கேப்பாக. "அந்தக்கா வரலைல்ல?" வரலைன்னு நான் சொல்லணும். சொன்னா மூஞ்சி தெளியும், கஞ்சி குடிப்பாக. சாமி கும்புடுறதை விட்டுட்டாக, இதை விடல.

இன்னொண்ணும் உண்டு. அவுக எக்செல் வண்டி பின்னாடி வேப்ப மரத்தடியில நிக்கிது. கட்டில்ல இருந்து பாத்தா தெரியாது, சத்தம் கேக்கும். தெனம் காலையில டீயைக் குடிச்சுட்டு, "ஏ ஜெகதா, வண்டிய ஒரு ஒதை ஒதைச்சு விட்டுட்டு வா. சும்மா நின்னா இஞ்சின் பிடிச்சுக்கிரும்"னு சொல்வாக. நானும் போயி ஸ்டாண்டுல நிக்கிற வண்டிய ஒதைச்சு, கொஞ்ச நேரம் ஓட விட்டு அணைப்பேன். அந்த வண்டி முன் டயரு வாங்கின நாள்ல இருந்து பஞ்சரே ஆனதில்லன்னு அவுகளுக்கு அம்புட்டுப் பெருமை. அதோட வால்வுல ஒரு பித்தளை மூடி மாட்டி வச்சிருப்பாக. எங்கயோ பழைய லாரி டயர்ல இருந்து கழட்டினது. அதை வேட்டி நுனியால தொடைச்சுத் தொடைச்சு மின்ன வைப்பாக.

வாரம் ஒருக்கா வீட்டுக்கு வார நர்ஸம்மா முதல்லயே காத்து மெத்தை வாங்கச் சொன்னாக. மூணு மாசத்துல எந்திரிக்கிற மனுசனுக்கு எதுக்கு காத்து மெத்தைன்னு சண்டைக்குப் போனேன். அவுக என்னை ஒரு மாதிரியாப் பாத்துட்டு, "சரி, அடிக்கடி பொரட்டியாச்சும் படுக்க வைங்க"ன்னாக. பொரட்டினேன். என் கை ஓயிற மட்டும் பொரட்டினேன். அப்படியிருந்தும் ஒரு நாள் துணி மாத்துறப்ப ஒரு வாடை. வெளக்கைப் போட்டுப் பாத்தா, இடுப்புக்குக் கீழ நடு எலும்பு மேல தோலு கறுத்துப் பிஞ்சு, உள்ள ஈரமா இருக்கு. அவுகளுக்கு வலியே தெரியல. "என்ன பாக்குற?"ன்னாக. "வேர்க்குரு"ன்னேன்.

நர்ஸம்மா புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டாக. வாசலுக்கு வந்து மெதுவாச் சொன்னாக, "இது எலும்பு வரைக்கும் போயிட்டா ஆளையே கொண்டு போயிரும்மா. அந்த இடத்துல பாரம் படவே கூடாது." அன்னைக்கு அடுப்பங்கரையில உக்காந்து முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டு அழுதேன். வீம்பு பிடிச்ச என்னை நானே செருப்பால அடிச்சுக்கிடலாம் போல இருந்துச்சு.

மறுநாள் மருந்து வாங்க அருப்புக்கோட்டை பஸ்ஸு ஏறினேன். தங்கலட்சுமியக்கா ரெண்டு பேரு சீட்டுல தனியா இருந்துச்சு. பஸ்ஸு நெறைய ஆளு நிக்கிது, அது பக்கத்துல யாரும் உக்காரல. நானும் இத்தனை நாள் நின்னுக்கிட்டுத்தான் போவேன். அன்னைக்குப் போயி உக்காந்தேன்.

அது என்னைப் பாக்கல. ஜன்னலைப் பாத்துக்கிட்டே கேட்டுச்சு.

"புண்ணு எந்த எடத்துல?"

"நடு எலும்புல."

"வாடை வருதா?"

"வருதுக்கா."

அப்புறந்தான் திரும்பிச்சு. "காத்து மெத்தை வாங்கு. கரண்டு போனா அது வெறும் ப்ளாஸ்டிக் பாயி, அதை மட்டும் நம்பாத. ஒரு பொருள் சொல்றேன், எந்தக் கடையிலயும் அதைச் சொல்ல மாட்டான். எக்செல் வண்டி டியூப்பு. புதுசு வெறைப்பா நிக்கும், ஆகாது. ஓடிப் பழகினது வேணும். ஒட்டுப் போட்டதும் ஆகாது, ஒட்டு தோலை உரசும். எட்டு மாதிரி முறுக்கி ரெண்டா மடி, சின்ன வட்டமா வரும். அரைக்காத்து அடி. பழைய வேட்டியைச் சுத்தித் தச்சு, புண்ணு நடு ஓட்டையில வாரமாதிரி வையி. வால்வு வெளிப்பக்கம் இருக்கட்டும். காத்து கொறைஞ்சா அப்படியே அடிச்சுக்கிடலாம். எங்க வீட்டுக்காரருக்கு அதுலதான் புண்ணு ஆறுச்சு."

சொல்லச் சொல்ல அந்த மூஞ்சியில ஒரு சந்தோசம். நல்ல பொருள் கெடைச்சா ஊருக்குச் சொல்ற அதே பழைய சந்தோசம். எனக்கு அதை அறையணும் போல இருந்துச்சு, அப்படியே மடியில விழுந்து அழணும் போலயும் இருந்துச்சு.

"வீட்டுக்கு வந்துராதீகக்கா. அவுகளுக்குத் தெரிஞ்சா உடைஞ்சு போயிருவாக."

"நீயாக் கூப்பிடாம வரமாட்டேன்"னு சொல்லிச்சு.

ஓடிப் பழகின டியூப்பு, ஒட்டுப் போடாத டியூப்பு. ஊரெல்லாம் தேடுற மாதிரி நடிக்கலாம், ஆனா அது எங்க இருக்குன்னு எனக்குப் பஸ்லயே தெரியும். பஞ்சர் கடை பொன்ராஜைக் கூப்பிட்டு, அவுக தூங்குற மத்தியான நேரமாப் பாத்து, பின்வழியா வரச் சொன்னேன். அவனும் சத்தமில்லாம முன் சக்கரத்தைக் கழட்டி டியூப்பை உருவினான். வெறும் டயரை மறுபடி மாட்டிட்டு, "எந்திரிச்சதும் சொல்லுங்கக்கா, புதுசு போட்டுருவோம்"னான். அவன் நல்ல மனசுல சொன்னான். எனக்குத்தான் அவன் மூஞ்சியைப் பாக்க முடியல.

முறுக்கி, மடிச்சு, வேட்டி சுத்தித் தச்சேன். பொரட்டிப் படுக்க வைக்கையில அடியில தள்ளிட்டேன். "என்னது?"ன்னாக. "மெடிக்கல்ல குடுத்தாக, புண்ணு வராம இருக்க"ன்னேன். தலையை ஆட்டுனாக. பின்பக்கம் போயி வண்டியைப் பாத்தேன். முன் டயரு சப்பிப் போயிக் கெடந்துச்சு. ஸ்டாண்டுல நிக்கிற வண்டிதான, இஞ்சின் ஓடும். நாளைக்கும் ஒதைச்சாச் சத்தம் கேக்கும்னு தைரியம் சொல்லிக்கிட்டேன்.

மறுநாள் காலையில டீயைக் குடிச்சாக. டம்ளரைக் கீழ வச்சாக. வண்டிய ஒதைக்கச் சொல்லல. நானே எந்திரிச்சேன்.

"வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டு வாரேன்."

"வேண்டாம்."

உள்ளங்கையை விரிச்சுக் காட்டுனாக. பித்தளை மூடி. பொன்ராஜ் பழக்கத்துல அதையே டியூப்பு வால்வுல திருப்பி மாட்டியிருக்கான், பாவி. நானும் பாக்காமத் தச்சிருக்கேன்.

"கையில தட்டுச்சு"ன்னாக. "கழட்டிப் பாத்தேன்."

"அது பொன்ராஜ் கடையில பழைய டியூப்பு கெடந்துச்சு, அதை..."

"நல்லாருக்கு ஜெகதா. தொட்டா மெத்துன்னு இருக்கு." மோட்டுவளையைப் பாத்துக்கிட்டே கேட்டாக. "இது அந்தக்கா சொல்ற பொருளுதான?"

"பஸ்ல பாத்தேங்க. வீட்டுக்கு வரல. சத்தியமா வீட்டுக்கு வரவே இல்ல"ன்னேன். திருப்பித் திருப்பி அதையே சொன்னேன். வாசப்படி மிதிக்காததுல இன்னும் ஏதோ மிச்சம் இருக்குற மாதிரி.

அவுக என் கையைப் பிடிச்சு, மூடியை உள்ள வச்சு விரலை மடக்கி விட்டாக. "இதைப் பொன்ராஜ்கிட்ட குடுத்துரு. ஓடுற வண்டி எதுலயாச்சும் மாட்டிக்கிடட்டும்."

அழக்கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன்.

"அந்தக்காவை வரச் சொல்லு. வீரபாண்டியண்ணனுக்குத் தெருவைப் பாக்க ஒரு கண்ணாடி கட்டியிருந்துச்சாம்ல. அது எங்க கெடைக்கும்னு கேக்கணும்."

மூடியை இடுப்புல சொருகிக்கிட்டு கேட்டைத் தொறந்தேன். எதுத்த வீட்டு வாசல்ல மாயக்கா தண்ணி தெளிச்சுக்கிட்டு இருந்துச்சு.

"எங்கத்தா காலையிலயே?"

"தங்கலட்சுமியக்காவைக் கூப்பிட"ன்னேன்.

மாயக்கா வாளியைக் கீழ வச்சுச்சு. என்னை நிமிந்து பாக்காம, முந்தானையை இழுத்துப் போத்திக்கிட்டு உள்ள போயிருச்சு.