பதினோரு சாட்சிகள் பார்க்க ஒரு ரகசியத் திருத்தம்

கானா நாட்டின் குமாசியில் சாவுப் புத்தகம், அதாவது இறந்தவரின் கதையும் பிள்ளைகளின் பெயரும் போட்டு அடக்கத்தன்று கொடுக்கிற புத்தகம், அச்சடிக்கும் கடை என்னுடையது. "உங்கள் பிடிஎஃப் இந்தக் கணினியை விட்டு வெளியே போகாது" என்று வாசலில் எழுதியே வைத்திருக்கிறேன். திருத்துகிற மென்பொருள் என் கணினிக்குள்ளேயே இருக்கிறது. இணையத்தில் எதையும் ஏற்றுவதில்லை. சொன்னால் சொன்னதுதான்.

வியாழக்கிழமை காலை நானா குவார்ட்டெங் பென்டிரைவோடு வந்தார். செத்துப்போன லாரிக்காரர் யா பிம்பாங்கின் தாய்வழிக் குடும்பத்துக்கு அவர்தான் தலைவர். சனிக்கிழமை அடக்கம்.

"பிள்ளைங்க பட்டியல்ல அஃபுவா செர்வான்னு ஒரு பேர் இருக்கு. கல்யாணம் கில்யாணம் இல்லாம பொறந்தது. எடுத்துடும்மா. வெளியில மூச்சு விடக் கூடாது."

"இணையத்தையே நிறுத்திட்டேன், நானா."

"அந்த மினுங்குற டப்பா?" என்று ரவுட்டரைக் காட்டினார்.

அதையும் அணைத்தேன். அப்படியும் நம்பாமல் தோளில் கிடந்த கறுப்புத் துணியால் அதை மூடிவிட்டு, வாசலைப் பார்த்து, "எல்லாரும் உள்ள வாங்க" என்றார்.

பதினோரு பேர் வந்தார்கள். ஒருத்தர் பிரிண்டர் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ரகசியம்னு சொன்னீங்களே, நானா?"

"ரகசியந்தான். யாரும் பாக்கலைங்கிறதுக்குச் சாட்சி வேணாமா? வீட்டுக்கு ஒருத்தர்."

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. கண் சரியாகத் தெரியாத ஒரு கிழவிக்காக அந்தப் பெயரைத் திரை முழுக்கப் பெரிதாக்கினேன். தெருவில் போகிறவனும் படிக்கலாம்.

கடைசியாக வந்து நின்றவளுக்கு முப்பது வயதிருக்கும். நானா அவளிடம், "நீ எந்த வீட்டுச் சாட்சிம்மா?" என்று கேட்டார்.

"செத்தவர் வீட்டுக்கும் ஒரு ஆள் வேணும்னாங்க. வேற யாரும் வரலை. நான்தான் அஃபுவா செர்வா."

நானாவுக்குத்தான் கூச்சமே கிடையாதே. "நல்லது, கணக்கு சரியாப் போச்சு. அழி."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் அழித்தேன். ஐந்து பெயர் நாலாயிற்று. அந்த நிமிடம் என் தொழிலே எனக்குப் பிடிக்கவில்லை.

"எல்லாரும் பாத்தீங்களா? நான் அவர் பிள்ளை இல்ல" என்றாள் அவள்.

"பாத்தோம்" என்றார்கள் மற்ற பத்துப் பேரும், முறைப்படி.

"அப்ப சவப்பெட்டிய எடுத்துட்டுப் போறேன். வண்டி வெளியில நிக்குது."

எங்கள் பக்கத்தில் அப்பனுக்குப் பெட்டி வாங்குவது பிள்ளைகளின் கடமை. வேறு யார் கொடுத்தாலும் குடும்பத்துக்கே தலைகுனிவு.

நானாவின் முகம் மாறியது. "பெட்டி மத்த நாலு பிள்ளைங்களும் சேந்து வாங்கினதுதானே?"

பிரிண்டர் மேலிருந்தவர் தொண்டையைச் செருமினார். "அவங்க கைய விரிச்சுட்டாங்க, நானா. இவதான் வாங்கினா."

"அதுக்காகப் பெட்டிய எடுத்துட்டுப் போயிடுவியா?"

"நான் யாருன்னு பெட்டி குடுக்கிறது? இத்தனை சாட்சி இருக்காங்க, கேளுங்க."

கிழவி, "அவ சொல்றது நியாயந்தானே" என்றாள். நானா என் பக்கம் திரும்பி, "பேரத் திரும்பப் போட்டுத் தொலை" என்றார்.

எனக்கிருந்த கோபத்தில், நான் அவரை விட்டுவிட்டு அவளைக் கேட்டேன். "எல்லாருக்கும் மேல, பெரிய எழுத்துல போடவா?"

"வேணாம் அக்கா. மூணாவதாப் போடுங்க" என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. "அப்பாவுக்கு நான் மூணாவது."