நாற்றுக்கு நன்றி சொல்லாதே

மார்ச் பிறந்துவிட்டது, தைசியா வீட்டு ஜன்னல் திண்டு காலியாகவே கிடந்தது. எங்கள் ஊரில் இதைவிட வெட்கக்கேடு கிடையாது. தெருவில் இடுப்பளவு பனி கிடக்கட்டும், யூரல் மலைக்காற்று காதைப் பிய்க்கட்டும், அது வேறு விஷயம். ஜன்னலுக்கு உள்ளே, பாதியாக வெட்டிய பால் அட்டைப்பெட்டிகளில் தக்காளி முளைத்து நிற்க வேண்டும். நிற்காத வீட்டில் சாவு விழுந்திருக்கும், இல்லாவிட்டால் யாராவது குடித்துக் கெட்டிருப்பார்கள். தைசியா வீட்டில் இரண்டும் இல்லை. அவளுக்கு முடியவில்லை, அவ்வளவுதான்.

போன அக்டோபரில் அவள் புருஷன் இக்னாத், ஊருக்கு வெளியே இருந்த தோட்டத்திலிருந்து கொண்டுவந்த உருளைக்கிழங்கு மூட்டையோடு மாடிப்படியில் சாய்ந்தான். பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துவிட்டது. கூடவே பேச்சும் போனது. கிரேன் ஓட்டிய மனுஷன், மேலே உட்கார்ந்துகொண்டு கீழே இருப்பவர்களைக் கெட்ட வார்த்தையில் திட்டியே முப்பது வருஷம் இரும்பு தூக்கியவன், இப்போது ஜன்னலோரக் கட்டிலில் வாயைத் திறந்து மூடிக்கொண்டு கிடந்தான்.

தைசியாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. பகலெல்லாம் ஊரார் விரிப்புகளைத் துவைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து இவன் விரிப்பைத் துவைப்பாள். மத்தியானம் மட்டும் எதிர்வீட்டுக் கப்பித்தோலினா வந்து அவனைப் பார்த்துக்கொள்வாள். சாயங்காலம் தைசியா ரவைக் கஞ்சி ஊட்டுவாள், அவன் விழுங்குவான். கண் திறந்திருக்கும். அந்தக் கண்ணுக்குப் பின்னால் ஆள் இருக்கிறானா இல்லையா என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

இருக்கிறான் என்று மட்டும் தெரிந்துவிட்டால் சாகிறவரை துவைத்துப் போடத் தயார். இல்லையென்றால், ஊருக்கு வெளியே பராமரிப்பு விடுதியில் ஒரு கட்டில் காலியாக இருந்தது. ஏப்ரல் முடிவதற்குள் பதில் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள். அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. வெறும் வீட்டுக்கு விளக்கேற்றி வைத்துக்கொண்டு தன் உடம்பைக் கொல்கிறோமோ என்ற நினைப்பு மட்டும் விரிப்பைப் பிழியும்போதெல்லாம் வரும். வந்ததும் தன்னையே வெறுத்துக்கொள்வாள்.

"என்னடி, ஜன்னல் மொட்டையா நிக்குது? வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டியான்னு கீழ் வீட்டுக்காரி கேக்குறா," என்றாள் கப்பித்தோலினா.

"கேக்கட்டும். இந்த வருஷம் தோட்டம் வேணாம், காப்பா. நம்ம தோட்டச் சங்கத்துல யாருக்காவது அந்த இடத்தைக் குடுத்துரச் சொல்லு."

"வாயைக் கழுவு. தோட்டத்துல என் வேலிக்கு அந்தப் பக்கம் எவளோ ஒருத்தி வந்து குத்தவெச்சிருப்பா, நான் தினம் அவ மூஞ்சியில முழிக்கணுமா?"

"என்னால முடியலடி."

"யாருக்குத்தான் முடியுது? எனக்கு முழங்கால் போச்சு, இடுப்பு போச்சு. வாய் ஒண்ணுதான் மிச்சம்."

அது உண்மைதான். அந்த வாய்க்கு ஓய்வே கிடையாது. ஆனால் கப்பித்தோலினா வாயோடு நிற்கிற ரகமும் இல்லை. அடுத்த சனிக்கிழமை, தைசியா வேலை முடிந்து வந்து பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சரிந்திருந்த நேரம், தட்டு நிறையப் பால்பெட்டிகளோடு வந்து நின்றாள். ஒவ்வொன்றிலும் விரல் உயரத்துக்குத் தக்காளி நாற்று. உயிரோடு இருக்கிற நாற்றைக் குப்பையில் கொட்ட எங்கள் ஊரில் பிறந்த எவளுக்கும் கை வராது. வீட்டுக்குள் வந்துவிட்டால் வளர்த்தாக வேண்டும், வளர்த்தால் நட்டாக வேண்டும், நட மண் வேண்டும். எல்லாம் கணக்குப் போட்டுத்தான் கிழவி கொண்டுவந்திருந்தாள்.

"எனக்கு இடம் பத்தல," என்று கூசாமல் புளுகிவிட்டு, இக்னாத்தின் தலைக்கு மேலே கையை நீட்டித் திண்டில் அடுக்கினாள். "சும்மா வாங்கி வை. நன்றி கின்றின்னு வாயைத் திறந்துராத. நாத்துக்கு நன்றி சொன்னா பட்டுப்போயிரும், தெரியுமில்ல?"

தெரியாமல் என்ன? தாய்ப்பாலோடு ஊட்டின சங்கதி. தைசியா தலையை மட்டும் ஆட்டினாள்.

"நன்றி," என்றது கட்டில்.

கரகரத்த குரல். ஆனால் தெளிவாக, எழுத்துக்கு எழுத்து சுத்தமாக வந்தது.

அக்டோபருக்குப் பிறகு அந்த வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. தைசியா பாய்ந்துபோய் அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை சொல்லு! இக்னாத்! சொல்லு!"

"நன்றி. நன்றி."

"ஐயோ, போச்சு!" கப்பித்தோலினா தலையில் அடித்துக்கொண்டாள். "பாவி மனுஷா, இத்தனை மாசம் மூடிட்டுக் கெடந்தவன் இன்னும் ரெண்டு நிமிஷம் கெடந்திருக்கக் கூடாதா? மூணு தடவை சொல்லிட்டானேடி!"

கிழவி அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே பெட்டிகளைத் திரும்பத் தட்டில் எடுத்து அடுக்கினாள். நன்றி சொன்ன நாற்றை விட்டுவிட்டுப் போகக் கூடாதாம். திருடின செடிக்கு மட்டும் எந்த தோஷமும் ஒட்டாது. அதனால் தட்டை மாடிப்படி நடைபாதையில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"நான் பாக்கல. சீக்கிரம் திருடிட்டுப் போ. குளிர்ல செத்துரும்."

அறுபதை நெருங்குகிற தைசியா, சலவைத்தூள் மணக்கிற கையோடு, குனிந்து குனிந்து தக்காளி திருடினாள். பல மாதங்களுக்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அந்தச் சிரிப்பு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஏனென்றால் இக்னாத்துக்குக் கிடைத்தது அந்த ஒரே வார்த்தை. கஞ்சி ஊட்டினால் நன்றி. கஞ்சி நாக்கைச் சுட்டாலும் நன்றி. விரிப்பை மாற்றினால் நன்றி, மாற்றாமல் விட்டால் அதைவிடச் சத்தமாக நன்றி. வாசல் மணி அடித்தால், அவள் இருமினால், மேல்வீட்டில் நாற்காலி நகர்ந்தால், எல்லாவற்றுக்கும் நன்றி. ஒருநாள் முகமெல்லாம் சிவந்து, இடது கையால் கரண்டியைத் தூக்கி எறிந்து, கண்ணை உருட்டிக்கொண்டு, "நன்றி! நன்றி! நன்றி!" என்று கத்தினான். கிரேனில் உட்கார்ந்து திட்டிய அதே தொனி. கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூட இந்த வார்த்தையை இவன் வாயால் கேட்டறியாதவள் தைசியா. மொத்தமாக இப்போது கொட்டினான், அவளுக்குத் தலை வெடித்தது.

பேச்சுப் பயிற்சிக்கு வரும் இளம் டாக்டரிடம் ஆசையோடு சொன்னாள். அந்தப் பெண் இக்னாத்திடம் கண்ணை மூடச் சொன்னாள், நாக்கை நீட்டச் சொன்னாள், தைசியாவைக் காட்டச் சொன்னாள். அவன் எல்லாவற்றுக்கும் ஜன்னலைப் பார்த்தபடி நன்றி சொன்னான்.

"இதைப் பேச்சுன்னு எடுத்துக்காதீங்கம்மா," என்றாள் டாக்டர் மெதுவாக. "இசைத்தட்டு ஒரே இடத்துல மாட்டிக்கும் பாருங்க, அந்த மாதிரி. சிலருக்குக் கெட்ட வார்த்தை மாட்டிக்கும். அந்த வகையில நீங்க அதிர்ஷ்டசாலி."

"நாம சொல்றது அவருக்குப் புரியுதா?"

"அதை என்னால உறுதியாச் சொல்ல முடியல. என்னை மன்னிச்சிருங்க."

நல்ல பெண்தான். பொய் சொல்லத் தெரியவில்லை, என்ன செய்வது?

ஏப்ரல் வந்தது. கூரை விளிம்பில் தொங்கிய பனி சொட்டத் தொடங்கியது. ஒரு காலையில் பார்த்தால் நாலைந்து தக்காளி நாற்றுகள் அடித்தண்டு கறுத்துப்போய்ச் சாய்ந்து கிடந்தன. தண்ணீர் அதிகமானால் வருகிற நோய் அது. தூக்கக் கலக்கத்தில் இரண்டு தடவை ஊற்றியது அவள்தான். ஆனால் உடம்பு அலுத்த நேரத்தில் நியாயம் பேசத் தோன்றுமா?

"பாரு!" என்று செத்த நாற்றைப் பிடுங்கி இக்னாத்தின் மூக்குக்கு நேரே ஆட்டினாள். "பாத்துக்க! நீ சொன்ன நன்றிதான் இதைத் தின்னுச்சு. என்னையும் தின்னு. வேற என்ன பாக்கி?"

அவன் நாற்றைப் பார்த்தான். "நன்றி," என்றான்.

அவள் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். வெளியே வந்தபோது முடிவு செய்திருந்தாள். திங்கட்கிழமை விடுதிக்குப் போன் போட்டு, கட்டிலை எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட வேண்டும். அவன் உள்ளே இல்லை. இத்தனை நாள் அவள் காத்திருந்தது போதும்.

ஞாயிற்றுக்கிழமை கப்பித்தோலினா மறுபடி வந்தாள். இந்தத் தடவை முட்டைக்கோஸ் நாற்று.

"போதும்டி, காப்பா. எடுத்துட்டுப் போ. தக்காளியையும் சேத்து எடுத்துட்டுப் போயிரு," என்றாள் தைசியா. விடுதி விஷயத்தை இப்போதே சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது.

கப்பித்தோலினா அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. திண்டில் இடமில்லாததால் தட்டை இக்னாத்தின் போர்வை மேலேயே வைத்தாள். "இந்தா. ஆரம்பிச்சிருவியே உன் பாட்டை. ம், சொல்லித் தொலை. மறுபடி உன் பொண்டாட்டி திருடட்டும்."

மணி அடித்தபோது நன்றி சொன்னவன் அவன். கப்பித்தோலினா செருப்பைத் தட்டியபோது சொன்னவன். நாற்காலி கிரீச்சிட்டதற்கும் சொன்னவன். இப்போது வாய் திறந்தது. "ந..." என்று வந்தது.

வந்த வார்த்தையை அவன் கடித்து நிறுத்தினான்.

போர்வைக்குள்ளிருந்து இடது கை மேலே வந்தது. உள்ளங்கையால் வாயை அழுத்தி மூடிக்கொண்டான். கழுத்து நரம்பு புடைத்தது. உள்ளே அந்தச் சனியன் பிடித்த வார்த்தை முட்டுகிறது, தோள் குலுங்குகிறது, அவன் விடவில்லை. கண் முட்டைக்கோஸைப் பார்த்தது, கப்பித்தோலினாவைப் பார்த்தது, மறுபடி முட்டைக்கோஸைப் பார்த்தது.

"ஐயையோ, வாந்தி வருதுடி! பாத்திரத்தைக் கொண்டா!" என்று அலறினாள் கப்பித்தோலினா.

தைசியா பாத்திரம் எடுக்கப் போகவில்லை. "வாந்தி இல்லை. நீ போ."

"என்னடி ஆச்சு?"

"போடி! உனக்கு யாரும் நன்றி சொல்ல மாட்டோம். கிளம்பு!" என்று அவளைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

திரும்பி வந்தாள். அவன் இன்னும் வாயைப் பொத்திக்கொண்டுதான் கிடந்தான்.

"கையை எடு. அவ போயிட்டா."

அவன் தலையை அசைத்து மறுத்தான். கண்ணால் தட்டைக் காட்டினான்.

நாற்றுக்கு முன்னால் சொல்ல மாட்டானாம்! தைசியா தட்டைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறையில் வைத்தாள். தக்காளிப் பெட்டிகளையும் ஒவ்வொன்றாக அங்கே கொண்டுபோனாள். கதவை இழுத்து மூடினாள். அதன் பிறகுதான் அவன் கை மெதுவாக இறங்கியது.

"படுபாவி," என்றாள். சத்தம் அவளை மீறி ஏறியது. "உள்ளேயேதான் இருந்தியா? நான் கத்தினது, அழுதது, செத்த நாத்தை மூஞ்சியில ஆட்டினது, எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் கெடந்தியா? உன்னை... உன்னை எங்கே அனுப்பப் பாத்தேன்னு தெரியுமாய்யா உனக்கு?"

அவன் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போனது. துடைத்துவிட்டாள். உள்ளே ஆள் இருந்தான், அது சந்தோஷம். அதன் கூடவே இன்னொன்றும் புரிந்தது. இனி அவளுக்கு விடுதலை இல்லை. நாளைக்கும் விரிப்பு, மறுநாளும் விரிப்பு, இந்த உடம்பு விழுகிறவரை விரிப்பு. அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அவன் மார்பில் தலையைச் சாய்த்து, இரண்டுக்கும் சேர்த்து அழுது தீர்த்தாள்.

பிறகு தலையைத் தூக்காமலே, "இப்ப சொல்லு," என்றாள்.

"நன்றி," என்றான் இக்னாத்.

"ம்," என்றாள் அவள். பனி உருகிப்போவதற்குள் தோட்டத்துக்குப் போய், கூரை மூடிய பசுமைக்குடிலுக்குள் பனியை அள்ளிப் போட வேண்டும், இல்லாவிட்டால் மண் காய்ந்து தூசாகக் கிடக்கும் என்ற நினைப்பு வந்தது. அதை எப்போது செய்வது என்று யோசிக்கும்போதே, செருப்புக் காலோடு அப்படியே தூங்கிப்போனாள்.